‘சுடாதே’ என்ற கட்டளையும் நேரத்தில் வந்து சேர வேண்டும்

ராணுவ வான் பாதுகாப்புப் பிரிவில் எல்-70 விமான எதிர்ப்புப் பீரங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் பெரியப்பா, ஒடிசாவின் கோபால்பூரில் கடலை நோக்கிச் சுட்டுப் பழகிய நாள்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம், நான்கு நான்காகக் கோத்த 40 மி.மீ. குண்டுகளை மேலிருந்து ஊட்டுவதைவிட, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்ததே கடினம் என்பார். ரேடார் கண்டதை ஒருவர் வாயால் சொல்ல, இன்னொருவர் பலகையில் மெழுகுப் பென்சிலால் குறிக்க, அது கட்டளையாகிப் பீரங்கிக்கு வருவதற்குள் விமானம் எங்கோ போயிருக்கும்.

கணக்கிட்டுப் பார்த்தால் அவர் சொல்வதன் கனம் புரிகிறது. 50 மீட்டர் உயரத்தில் பறந்துவரும் விமானத்தை, 10 மீட்டர் உயரத்தில் நிறுத்திய ரேடார், பூமியின் வளைவு மறைப்பதால், சமவெளியில்கூட ஏறத்தாழ 42 கி.மீ.க்கு அப்பால் காண முடியாது. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் அந்தத் தொலைவைக் கடக்க மூன்று நிமிடம்கூட ஆகாது. பீரங்கியின் குண்டு பயன்தரும் கடைசி 4 கி.மீ.க்கு வெறும் 16 நொடி.

அந்த நொடிகளில் சுடச் சொல்வதைப் போலவே, சுடாமல் நிறுத்தி வைப்பதும் கட்டளை அமைப்பின் வேலை. 2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரின் பட்காமில், நம் விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டரை நம் ஏவுகணையே வீழ்த்தியதில் வீரர்கள் அறுவரும் தரையில் இருந்த ஒருவரும் இறந்தனர். அது பெருந்தவறு என்று விமானப்படைத் தளபதி அவ்வாண்டு அக்டோபரில் ஒப்புக்கொண்டார். அந்த ஏழு உயிர்களை நினைக்காமல் இத்துறையைப் பற்றி என்னால் எழுத முடிவதில்லை.

இதனால்தான் ராணுவத்தின் வான் பாதுகாப்புக் கட்டளை அமைப்பான ‘ஆகாஷ்தீர்’ எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2023 மார்ச்சில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துடன் 1,982 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தமான இந்த அமைப்பு, பல ரேடார்கள் காண்பவற்றை ஒரே வான்படமாகத் தொகுத்து, விமானப்படையின் கட்டுப்பாட்டு வலையமைப்போடு இணைத்து, முன்களத்தில் பீரங்கியோடும் ஏவுகணையோடும் இருப்பவர்களுக்கு அனுப்புகிறது. நம் விமானம் எது, எதிரி விமானம் எது என்பதை, விரல் விசையைத் தொடுவதற்கு முன்பே ராணுவமும் விமானப்படையும் ஒரே வான்படத்தில் காண வழி பிறக்கிறது.

2025 மே மாதம் ட்ரோன்களை எல்-70 பீரங்கிகள் சுட்ட செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, எத்தனை விழுந்தன என்று பெரியப்பா கேட்கவில்லை. கட்டளை எந்த வழியாக வந்தது என்றுதான் கேட்டார்.