நான்காம் நாள் பிளேட்

கிருமி வளர்க்கும் பிளேட்டை மூக்கருகே கொண்டுபோகக் கூடாது என்று டெக்னீஷியன் படிப்பில் முதல் வாரமே சொல்லிவிடுவார்கள். வேலைக்கு வந்த முதல் மாதமே அதை மீறக் கற்றுக்கொள்வோம். சூடோமோனாஸ் வளர்ந்த பிளேட்டைத் திறந்தால் திராட்சைப் பழ வாசனை வரும். புரோட்டியஸ் என்றால் மீன் வாடை. சோதனை முடிவு வருவதற்கு முன்பே மூக்கு சொல்லிவிடும். ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் 31 வருடம் என் மூக்கை நம்பிப் பிழைத்தவள் நான். அந்த மூக்கு எனக்கு 21 நாள் மாத்திரை வாங்கிக்கொடுத்த கதை இது. ஊர் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். டெல்டா பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மாதம். வந்தவருக்கு வயது ஐம்பதுக்குள் இருக்கும். இரண்டு மா நிலம் சொந்தம், மற்ற நாட்களில் கூலி வேலை. சர்க்கரை நோய் உண்டு. மாத்திரை இருக்கும்போது போடுவார், தீர்ந்தால் விட்டுவிடுவார். ஒரு மாதமாக விட்டுவிட்டுக் காய்ச்சல், இரவில் வியர்வை, இடுப்பில் வேட்டி நிற்காத அளவுக்கு மெலிவு. முதலில் ஒரு தனியார் மருத்துவமனையில் விடால் பரிசோதனை செய்து டைபாய்டு என்றார்கள். (விடால் பாசிட்டிவ் என்று வராத காய்ச்சலை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை.) பிறகு எங்களிடம் வந்தார். எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல் பகுதியில் நிழல். சளியில் காசநோய்க் கிருமி இரண்டு முறையும் இல்லை. மரபணுப் பரிசோதனையிலும் இல்லை. ஆனாலும் செஸ்ட் வார்டில் சேர்த்துக் காசநோய் மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். இருமலும் மெலிவும் நிழலும் சேர்ந்து வந்தால் கை அந்தச் சீட்டைத்தான் எழுதும்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், சர்க்கரை கட்டுக்குள் வரவில்லை என்று மெடிசின் பிரிவுக்கு ஒப்பீனியன் அனுப்பினார்கள்.

செஸ்ட் சீஃபும் மெடிசின் சீஃபும் ஒரே கல்லூரியில் ஒரே வருடம் படித்தவர்கள். சீனியாரிட்டி பட்டியலில் யார் முன்னால் என்பதில் தொடங்கி, டீன் பதவி காலியாக இருந்த மூன்று மாதம் பொறுப்பு யாரிடம் போனது என்பதில் முற்றி, நான் சொல்லும் காலத்தில் இருவரும் ஒரே லிஃப்டில் ஏறமாட்டார்கள். ஒருவர் ஏறினால் மற்றவர் படியில் போவார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் நான்கு மாடி ஏறுவது இதயத்துக்கு நல்லதுதான் என்று எங்கள் அட்டெண்டர் சொல்வார்.

மெடிசின் சீஃப் வந்து பார்த்தார். இன்சுலின் அளவை எழுதினார். அதோடு விட்டிருக்கலாம். கீழே ஒரு வரி சேர்த்தார்: காசநோய் என்பதை மறுபரிசீலனை செய்யவும். அடுத்த நாள் அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் செஸ்ட் சீஃபின் கையெழுத்தில்: சர்க்கரைக்கு மட்டுமே கருத்துக் கேட்கப்பட்டது. அந்தப் பக்கத்தை நான் கண்ணால் பார்த்தேன். சிவப்புக் கோடு காகிதத்தைக் கிழித்து அடுத்த பக்கத்திலும் தடம் பதித்திருந்தது.

நடுவில் படுத்திருந்தவருக்குத் தொடையில் கட்டி கிளம்பியது. காய்ச்சல் இறங்கவில்லை.

இப்போது என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். சேர்த்த அன்றே செஸ்ட் பி.ஜி. (மேற்படிப்பு) மாணவர், கிருமி வளர்கிறதா என்று பார்க்க ரத்தக் கல்ச்சர் அனுப்பியிருந்தார். பாட்டில் கலங்கியது. பிளேட்டில் தேய்த்ததில் சிறு சிறு காலனிகள், அதாவது கிருமித் திட்டுகள், வந்தன. கிராம் நெகட்டிவ், ஆக்சிடேஸ் பாசிட்டிவ். ஏதோ ஒரு சூடோமோனாஸ் இனம் என்று நினைத்தேன். இந்த வகைக் கிருமிகள் குழாய்த் தண்ணீரிலும் கிருமிநாசினி புட்டியிலும்கூட உயிரோடு கிடக்கும். ஹவுஸ் சர்ஜன் கை கழுவாமல் ரத்தம் எடுத்திருப்பார் என்று முடிவு கட்டினேன். 'அசுத்தக் கலப்பாக இருக்கலாம், திரும்ப அனுப்பவும்' என்று எழுதி, 48 மணி நேரம் ஆனதும் பிளேட்டை, கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவுக்குப் போகிற டிரம்மில் போட்டேன். எனக்கு மேலே இருந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் கேட்கவில்லை, நானும் மறந்துவிட்டேன். இரண்டு சீஃபுகளும் சண்டை போட்டதை எழுதுகிற கை இதையும் எழுதத்தான் வேண்டும்.

திரும்பக் கல்ச்சர் அனுப்பியது அக்கறையால் நடந்ததில்லை. சிவப்புக் கோட்டைக் கேள்விப்பட்ட மெடிசின் சீஃப், தன் பி.ஜி.யை அனுப்பி இரண்டு கைகளிலிருந்தும் ரத்தம் எடுக்கச் சொன்னார். வயிற்று ஸ்கேனும் எடுக்க வைத்தார். காசநோய் இல்லை என்று நிரூபித்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. ஸ்கேனில் மண்ணீரல் சல்லடை போல இருந்தது; உள்ளே சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள். பார்த்தாயா என்றார் இவர். காசநோயிலும் மண்ணீரல் இப்படி ஆகும் என்றார் அவர். இரண்டு பேரும் நேரில் சொல்லிக்கொள்ளவில்லை, பி.ஜி.க்கள் தூது போனார்கள். அறுவைச் சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்து பார்த்தவர்கள், நீங்கள் பேசி முடித்தபின் கூப்பிடுங்கள் என்று போய்விட்டார்கள்.

அந்த இரண்டு பாட்டில்களும் கலங்கி, நான் பிளேட்டில் தேய்த்தது தீபாவளிக்கு முந்தைய நாள். மறுநாள் தீபாவளி, அதற்கடுத்த நாள் ஞாயிறு, அதற்கும் மறுநாள் எனக்கு விடுப்பு. ட்யூட்டி பார்த்தவர் ஒருவரே. அவசர மாதிரிகளைக் கவனிக்கவே அவருக்கு நேரம் போதவில்லை. 48 மணி நேரத்தில் டிரம்முக்குப் போயிருக்க வேண்டிய பிளேட்டுகள், கிருமி வளர வைக்கும் சூட்டுப் பெட்டியான இன்குபேட்டரிலேயே கிடந்தன.

நான்காம் நாள் காலை. வெளியே நல்ல மழை. எண்ணெய்க் கையோடு அதிரசம் பங்கு வைத்துவிட்டு, கழுவி, கையுறை போட்டு இன்குபேட்டரைத் திறந்தேன். அந்த பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்தபோது முதலில் எண் மாறிவிட்டதோ என்று நினைத்தேன். ஆறிப்போன பாலின் மேல் ஆடை சுருங்கிக் கிடக்குமே, காலனிகள் அப்படி இருந்தன. உலர்ந்து, மடிப்பு மடிப்பாக, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கோடு ஓடி. இதே காலனிகளை இரண்டாம் நாளில் பார்த்திருந்தால் வழவழவென்று எதுவும் சொல்லாமல் இருந்திருக்கும். முன்பு எறிந்ததும் இதுதான் என்று அப்போதே வயிற்றில் ஒரு பிசைவு.

பழக்கம் விடாது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். திராட்சை இல்லை. முதல் மழை விழுந்த மண்.

அதே நேரத்தில் பின்னால் ஏ.பி. மேடம். உதவிப் பேராசிரியர், மாற்றலாகி வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. என் மகள் வயது. "அக்கா, மூடுங்கள்" என்றார். சத்தம் போடவில்லை. முகம்தான் வெளுத்துவிட்டது. பிளேட்டை வாங்கிப் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்து, அங்கேயே ஸ்லைடு போட்டார். சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். என்ன தெரிகிறது என்று கேட்டார்.

ஊக்கு தெரிந்தது. இரண்டு முனையும் இளஞ்சிவப்பாகச் சாயம் ஏற்று, நடு மட்டும் காலியாக. என் தாலிக்கயிற்றில் எந்நேரமும் நான்கு ஊக்கு தொங்கும். எனக்கா ஊக்கு தெரியாது. 31 வருடத்தில் எத்தனை முறை கண்ணில் பட்டு விட்டிருப்பேனோ.

ஜென்டாமைசின், கொலிஸ்டின், கோ-அமாக்ஸிகிளாவ் என்று மூன்று மருந்து டிஸ்க்கைக் கிருமியின் மேல் வைக்கச் சொன்னார். மறுநாள் காலை முதல் இரண்டைச் சுற்றியும் கிருமி டிஸ்க்கை ஒட்டி வளர்ந்திருந்தது. மூன்றாவதைச் சுற்றி மட்டும் பெரிய வெற்றிடம். நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் சூடோமோனாஸ் இதற்கு நேரெதிர்: கொலிஸ்டினுக்குப் பணியும், அமாக்ஸிகிளாவைச் சட்டை செய்யாது. "மெலியாய்டோசிஸ்" என்றார் மேடம். மெலிந்துகொண்டே போகிற நோய்க்கு யாரோ தமிழ் தெரிந்தவர் பெயர் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். இல்லையாம், கிரேக்கச் சொல்லாம், கழுதைக்கு வரும் ஒரு நோயை வைத்து வந்ததாம்.

மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிற கிருமி. மழைக்காலத்தில் மேலே வரும். வெறுங்காலோடு சேற்றில் நிற்பவரின் பித்தவெடிப்பு போதும் உள்ளே நுழைய. அது பிடிக்கிறவர்களில் பாதிக்கு மேல் சர்க்கரைக்காரர்கள். நுரையீரலில் உட்கார்ந்தால் காசநோய் போலவே வேடம் போடும். காசநோய் மருந்து அதை ஒன்றும் செய்யாது. நேரத்தில் சரியான மருந்து கிடைக்காவிட்டால் உயிர் போகும். தாய்லாந்தில் பத்தில் நான்கு பேர் வரை இறந்திருக்கிறார்கள். எங்கள் சுற்று வட்டாரம் முழுக்கச் சம்பா நடவு, சேறு, சர்க்கரை. இது இங்கே இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எங்கள் துறைத் தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. உயர் ஆய்வகம் உறுதி செய்யாமல் இந்தப் பெயரை எழுதி, நாளை தவறாகிவிட்டால் மெடிசின்காரர்கள் நம்மைச் சிரிப்பார்கள் என்றார். 'நான்-ஃபெர்மென்டர், மேல் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று பொதுவான வகைப் பெயர் மட்டும் போகட்டும் என்றார். அவர் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பதில் வர இரண்டு வாரம் ஆகும். வார்டில் இருப்பவருக்கு இரண்டு வாரம் இல்லை.

ஏ.பி. மேடம் செய்ததை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. மெடிசின் சீஃபிடம் முதலில் சொன்னால் செஸ்ட் சீஃப் ஏற்கமாட்டார். செஸ்ட் சீஃபிடம் முதலில் சொன்னால் மெடிசின் சீஃப், அது நான் சொன்னதுதானே என்று கேஸ் ஷீட்டில் எழுதுவார், மறுபடியும் சிவப்புக் கோடு. அதனால் இரண்டு பிரிவின் பி.ஜி.க்களையும் ஒன்றாக டீக்கடைக்கு வரச் சொன்னார். அந்தப் பையன்கள் விடுதியில் ஒரே அறை. கைபேசியில் பிளேட்டின் படத்தைக் காட்டினார். செஃப்ட்ரியாக்சோனை நம்பாதீர்கள், செஃப்டாசிடிம் வேண்டும் என்றார். பிறகு, "அவரவர் சீஃபிடம் அவரவர் யோசனையாகச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் சொல்லுங்கள்" என்றார்.

அன்று மாலை கேஸ் ஷீட்டில் இரண்டு உத்தரவுகள். ஒன்று நீல மையில், ஒன்று சிவப்பில். இரண்டுக்கும் நடுவே இருபது நிமிட இடைவெளி. இரண்டிலும் செஃப்டாசிடிம் ஊசி, ஒரே அளவு. எந்த டாக்டரின் உத்தரவுப்படி ஊசி போடுவது என்று ஸ்டாஃப் நர்ஸ் பி.ஜி.க்குப் போன் செய்து கேட்டாராம். யாருடையதாக இருந்தாலும் ஒரு தடவை போடுங்கள் சிஸ்டர் என்றாராம் அவர்.

காய்ச்சல் உடனே இறங்கவில்லை. இந்த நோயில் அப்படித்தானாம், ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கும். அந்த ஒரு வாரமும் இரண்டு சீஃபுகளும் அது மற்றவர் யோசனை என்று ஜாடையாகப் பேசியதாகக் கேள்வி. ஒன்பதாம் நாள் காய்ச்சல் நின்றது. பத்தாம் நாளிலிருந்து அது இருவருடைய யோசனையும் ஆனது.

அடுத்த மாதம் கல்லூரியின் கிளினிக்கல் மீட்டிங்கில் இந்தக் கேஸ். யார் படிப்பது என்று பத்து நாள் இழுபறி. முடிவில் மூன்று துறையும் ஆளுக்குக் கொஞ்சம் பேசின. திரையில் பிளேட்டின் படம் வந்தது. நான் பிடித்திருக்க ஏ.பி. மேடம் எடுத்த படம். ஓரத்தில் என் கட்டைவிரல் இருந்தது, அதை வெட்டியிருந்தார்கள். மேடம் பெயர் கடைசியில் நன்றி சொல்லும் ஸ்லைடில் வந்தது, அதுவும் இனிஷியல் தவறாக. கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மெல்லிய குரலில் ஒரு செய்தி சொன்னார். 1911இல் ரங்கூன் மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்தபோது இந்தக் கிருமியை முதலில் கண்டவர்கள் இருவர். விட்மோர் என்ற வெள்ளைக்கார மருத்துவர், அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமி. 1912இல் வெளியான கட்டுரையில் இரண்டு பெயரும் உண்டு. பிறகு அது விட்மோர் நோய் என்றே ஆனது. கிருஷ்ணசாமியின் கட்டைவிரலையும் யாரோ வெட்டிவிட்டார்கள் என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

என் 21 நாள் பாக்கி இருக்கிறது. கிருமி மூச்சில் போயிருக்கலாம் என்று, பிளேட்டை முகர்ந்த அன்றே மேடம் எனக்குச் சீட்டு எழுதிவிட்டார். கோட்ரைமாக்சசோல், இரண்டு வேளை. வாரத்துக்கு ஒருமுறை மருந்து வாங்கும் ஜன்னலில் வரிசையில் நின்றேன். மூன்றாவது வாரம் நின்றபோது பின்னால் ஒரு பெண், கையில் டிஸ்சார்ஜ் சீட்டு, மஞ்சள் பை. செஸ்ட் வார்டில் கிடந்தவரின் மனைவி. ஊசி முடிந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள், இனி மூன்று மாதத்துக்குக் குறையாமல் மாத்திரை. நான் யார் என்று அவருக்குத் தெரியாது. என் கையில் இருந்த அட்டையைப் பார்த்தார், தன் கையில் கொடுத்த அட்டையைப் பார்த்தார். அதே நிறம், அதே எழுத்து.

"அக்கா, உங்களுக்கும் வயல் வேலையா?" என்று கேட்டார்.

இல்லை, ஆனால் நானும் அந்த மண்ணைத்தான் தொட்டேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரிந்தது போலத் தலையாட்டிவிட்டு, வெறும் வயிற்றில் போடாதீர்கள், அவருக்குக் குமட்டுகிறது என்று சொல்லி, மாத்திரையை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.