மழைக்கு முன்னால் மேசையில் சில சின்ன சர்க்யூட்கள்

செப்டம்பர் 7, ஞாயிறு

புதுச்சேரி சண்டே மார்க்கெட்டுக்குப் போய் வந்தேன். மகாத்மா காந்தி சாலை நெடுக துணிக் கடைகளுக்கும் செருப்புக் கடைகளுக்கும் நடுவே பழைய சார்ஜர், வாயில்லாத ரேடியோ, எரியாத சிஎஃப்எல் பல்பு எல்லாம் பரப்பி வைத்திருந்தார்கள். ஒரு பை நிறைய சிஎஃப்எல் பொறுக்கினேன். "இதுல எதுவும் எரியாது தம்பி" என்று கடைக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். தெரிந்துதான் வாங்கினேன். பல பல்புகளில் போவது குழாய்தான், அடியில் இருக்கும் போர்டு உயிரோடுதான் இருக்கும்.

ஒரு போர்டைப் பிரித்தால் நான்கு 4007 டையோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுபவை), ஒரு 400 வோல்ட் கெபாசிட்டர், இரண்டு டிரான்சிஸ்டர் (13001 அல்லது 13003), சில பாலியஸ்டர் கெபாசிட்டர், அப்புறம் மெல்லிய கம்பி சுற்றிய ஒரு குட்டி ஃபெர்ரைட் வளையம் கிடைக்கும். எனக்கு முக்கியமாக வேண்டியது அந்த வளையம். கண்ணாடிக் குழாயில் பாதரசம் இருக்கிறது. அதை உடைக்கவே கூடாது. பிளாஸ்டிக் மூடியின் இணைப்பில் ஸ்குரூ டிரைவரை வைத்து மெதுவாக நெம்பினால் போதும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வளையத்துக்கு இன்று வேலை வந்தது. ரிமோட்டும் சுவர்க் கடிகாரமும் கைவிட்ட பென்சில் செல்கள் வீட்டில் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. மீட்டரில் வைத்தால் 1.1 வோல்ட், 1.0 வோல்ட் என்று காட்டும். வெள்ளை எல்இடி எரிய 3 வோல்ட் வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு டிரான்சிஸ்டர் பாலம் போடும். ஆங்கிலத்தில் ஜூல் தீஃப் என்கிற சர்க்யூட் இது. 1999-இல் ஒரு பிரிட்டிஷ் மின்னணு இதழில் வந்த சிறு குறிப்பிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. உள்ளே இருக்கும் வேலை வால்வு ரேடியோ காலத்திலிருந்தே உள்ள, தன்னைத்தானே திறந்து மூடிக்கொள்ளும் பிளாக்கிங் ஆசிலேட்டர்தான்.

வளையத்தில் இருந்த பழைய கம்பியை உருவிவிட்டு, இரண்டு மெல்லிய வயரைச் சேர்த்துப் பிடித்து, இடம் இருக்கும் வரை சுற்றவும். பத்துப் பன்னிரண்டு சுற்று வந்தால் போதும். முதல் வயரின் ஆரம்பத்தையும் இரண்டாவது வயரின் முடிவையும் முறுக்கி செல்லின் பிளஸ்ஸில் கொடுக்கவும். மிஞ்சிய இரண்டு முனைகளில் ஒன்று 1 கே (ஆயிரம் ஓம்) ரெசிஸ்டர் வழியாக டிரான்சிஸ்டரின் பேஸ் காலுக்கு, மற்றது நேராகக் கலெக்டர் காலுக்கு. மூன்றாவது காலான எமிட்டர் மைனஸில். எல்இடியை கலெக்டருக்கும் எமிட்டருக்கும் குறுக்கே, பிளஸ் கால் கலெக்டர் பக்கம் இருக்கும்படி வைக்க வேண்டும். டிரான்சிஸ்டர் பிசி 547 ஆகலாம், பிசி 337 இன்னும் நல்லது.

நடப்பது இதுதான். பேஸில் துளி கரண்ட் போனதும் டிரான்சிஸ்டர் திறக்கிறது. கலெக்டர் சுற்றில் கரண்ட் ஏறுகிறது. ஏறும்போது பக்கத்துச் சுற்றில் தூண்டப்படும் வோல்டேஜ் பேஸை இன்னும் தள்ளித் திறக்கிறது. ஒரு கட்டத்தில் கரண்ட் மேலே ஏற வழியில்லை. ஏற்றம் நின்றவுடன் தூண்டலும் நிற்கிறது, டிரான்சிஸ்டர் சட்டென்று மூடுகிறது. வளையத்தில் சேர்ந்த காந்த ஆற்றலுக்குப் போக வேறு வழி இல்லாததால் கலெக்டரில் வோல்டேஜ் எகிறி எல்இடி வழியாக வெளியேறுகிறது. ஒரு நொடியில் இது பல்லாயிரம் முறை நடக்கும். கண்ணுக்கு ஒரே வெளிச்சம். செல் 0.6 வோல்ட் சுமாருக்கு இறங்கும் வரை எரியும். எரியவே இல்லையென்றால் ஏதாவது ஒரு சுற்றின் இரு முனைகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாடி டேங்க் நிறைந்தால் கத்தும் அலாரம். எங்கள் தெருவில் கேட்காத வீடு இல்லை. எளிய வடிவம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தண்ணீரில் இரண்டு கம்பி, ஒன்று பிளஸ்ஸில், மற்றது ஒரு ரெசிஸ்டர் வழியாக பிசி 547-இன் பேஸில். தண்ணீர் இரண்டையும் தொட்டால் பஸ்ஸர் அடிக்கும்.

சில மாதத்தில் அடிக்காது. டிசி கரண்ட் தண்ணீர் வழியே ஒரே திசையில் போனால் மின்பகுப்பு நடக்கும், பிளஸ் பக்கக் கம்பி கரைந்துகொண்டே வரும், மேலே பச்சையும் வெள்ளையுமாகப் படியும். கடலோரத்தில் போர் தண்ணீர் உப்புத் தட்டும் இடங்களில் இது இன்னும் வேகம். உப்பு ஏற ஏற தண்ணீரில் கரண்ட் தாராளமாகப் போகிறது. கம்பியை மாற்றிக்கொண்டே இருப்பது தீர்வு இல்லை. தண்ணீருக்குள் டிசி போகாதபடி செய்வதுதான் தீர்வு.

அதற்கு ஒரு 555 போதும். 1971-இல் ஹான்ஸ் கேமன்சிண்ட் வடிவமைத்து, மறு வருடம் சிக்னெடிக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த, சீரான துடிப்பு தரும் டைமர் ஐசி. அரை நூற்றாண்டு தாண்டியும் கடையில் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம், எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுக்கிறார்கள். 1 கே, 68 கே, ஒரு 103 கெபாசிட்டர் (0.01 மைக்ரோ ஃபாரட்) போட்டால் நொடிக்கு ஏறக்குறைய ஆயிரம் துடிப்பு வரும். 555-இன் அவுட்புட்டை ஒரு 104 கெபாசிட்டர் (0.1 மைக்ரோ ஃபாரட்) வழியாக முதல் கம்பிக்குக் கொடுத்தேன். இரண்டாவது கம்பியிலிருந்து இன்னொரு 104. அதற்கப்புறம் இரண்டு 4148 டையோடு: ஒன்று கிரவுண்டிலிருந்து கெபாசிட்டரின் முனைக்கு, மற்றது அந்த முனையிலிருந்து 1 எம்எஃப்டி (மைக்ரோ ஃபாரட்) கெபாசிட்டருக்கு. அங்கே சேரும் டிசி 10 கே வழியாக பேஸுக்குப் போகிறது. தண்ணீர் நீங்கியதும் அது வடிய, பேஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 100 கே.

கெபாசிட்டர் டிசியை விடாது. இரு கம்பியிலும் வரிசையாக ஒவ்வொரு கெபாசிட்டர் இருப்பதால் தண்ணீர் வழியே போகும் கரண்ட் எவ்வளவு அந்தப் பக்கம் போகிறதோ அவ்வளவு இந்தப் பக்கமும் திரும்பி வரும். கரைவது பெருமளவு நின்றுவிடும். கம்பிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் இன்னும் நிம்மதி.

செப்டம்பர் 15, திங்கள்

அக்கா மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். நேற்றைய போர்டைப் பார்த்துவிட்டு, "மாமா, டிரான்ஸ்ஃபார்மர் எதுக்கு? 474 கெபாசிட்டரை நேரா 230-ல போட்டா செலவு மிச்சம்ல?" என்றான்.

அவன் கணக்கு சரிதான். 50 ஹெர்ட்ஸில் 0.47 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் 6.8 கிலோ ஓம் போல நடந்துகொள்ளும், 230 வோல்ட்டில் 30 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல் கொடுக்கும். விலை மலிந்த எல்இடி பல்புகள் பலவற்றில் உள்ளே இருப்பது அதுதான். ஆனால் அந்த சர்க்யூட்டின் ஒவ்வொரு புள்ளியும் லைன் கரண்ட்டோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது. பிளாஸ்டிக் மூடிக்குள் கைபடாமல் இருக்கும்வரை சரி. அதிலிருந்து ஒரு வயர் தண்ணீர்த் தொட்டிக்குள் போனால், குழாயைத் திறப்பவர் உயிருக்கு ஆபத்து. தொட்டி அலாரத்துக்கு இப்படிப்பட்ட படங்களை யாராவது காட்டினால் தயவுசெய்து செய்யாதீர்கள். தண்ணீரைத் தொடும் எதற்கும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள அடாப்டர் அல்லது பேட்டரி. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அவனிடமும் அப்படித்தான் சொன்னேன்.

செப்டம்பர் 20, சனி

கடலூர் ஓல்டு டவுனில் டிவி மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பேட்டரியில் ஓடும் ஒரு போர்டில் ரிலே (காந்தச் சுருளால் இயங்கும் சுவிட்ச்) மணிக்கணக்கில் இழுத்தே நிற்கிறது, சூடாகிறது, பேட்டரியையும் தின்கிறது என்றார். 12 வோல்ட் சுகர் கியூப் ரிலே, காயில் 400 ஓம், 30 மில்லி ஆம்பியர்.

கல்லைப் புரட்ட ஆகும் பலம் புரட்டியதைப் பிடித்து நிற்க ஆகாது. ரிலேயும் அப்படியே. இழுக்க 9 வோல்ட் வரை கேட்கும், இழுத்த பின் அதில் பாதி இருந்தாலே பிடித்து நிற்கும். ஆகவே காயிலோடு வரிசையாக ஒரு 220 ஓம், அந்த 220-க்குக் குறுக்கே 470 எம்எஃப்டி. ஆன் செய்த நொடியில் கெபாசிட்டர் காலி, காயிலுக்கு முழு 12 வோல்ட் போய்விடும், டக்கென்று இழுக்கும். கெபாசிட்டர் நிறைந்தபின் காயிலில் 7.7 வோல்ட்தான் நிற்கும். 30 மில்லி 19 ஆகிவிடுகிறது. ஒன்றே ஒன்று: ஆஃப் செய்து உடனே ஆன் செய்தால் கெபாசிட்டர் வடிந்திருக்காது, சில நேரம் இழுக்காது. அரை நொடி இடைவெளி வேண்டும். காயிலுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு 4007 எப்போதும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆஃப் செய்யும்போது காயில் எகிறடிக்கும் வோல்டேஜ் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும்.

செப்டம்பர் 24, புதன்

நண்பகல் வெயில். பளிங்குபோல் தெளிந்த தலை உள்ள சிவப்பு எல்இடியை மல்டிமீட்டரில் மாட்டி வெயிலில் நேராகக் காட்டினேன். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. அக்கா மகனுக்குக் கண்கள் விரிந்துவிட்டன.

எல்இடி ஒளி தருவது போலவே ஒளியைப் பெற்று மின்சாரமும் தரும். அதுவும் எல்லா நிறத்துக்கும் சமமாக அல்ல. தான் வெளியிடும் நிறத்தையும் அதைவிடக் குறைந்த அலைநீளத்தையும் மட்டும் உணரும். சிவப்பு எல்இடி அகச்சிவப்பைக் கண்டுகொள்ளாது. அதாவது வடிகட்டிக் கண்ணாடி தனியாக வாங்காமலே ஒரு நிற உணரி. ஃபாரெஸ்ட் மிம்ஸ் என்ற அமெரிக்கர் இதை வைத்தே வானத்தின் தூசியையும் மங்கலையும் அளக்கும் கருவி செய்து 1990 முதல் டெக்சாஸில் அளந்து வருகிறார். 2003-இல் மிட்சுபிஷியின் ஆய்வகம் ஒன்று இன்னொரு வழியை எழுதியது: மைக்ரோ கன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினி ஐசியின் காலில் எல்இடியைத் தலைகீழாகச் சார்ஜ் செய்துவிட்டு, அது எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று எண்ணினால் வெளிச்சத்தின் அளவு தெரிந்துவிடும். வேறு பாகமே வேண்டாம்.

எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். பாகத்தின் மேல் எழுதியிருக்கும் பெயர் அதன் ஒரு வேலையை மட்டும்தான் சொல்கிறது. பஸ்ஸரின் தட்டைத் தட்டினால் வோல்டேஜ் தரும், ஸ்பீக்கர் மைக் ஆகும், டையோடு சூட்டை அளக்கும் (ஒரு டிகிரி ஏறினால் 2 மில்லி வோல்ட் இறங்கும்). பையன்களுக்கு முதலில் இதைக் காட்ட வேண்டும், சூத்திரம் அப்புறம் வரட்டும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சால்டரிங் ராடு, மல்டிமீட்டர், கட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பொரி. இன்று எதையும் தொடவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

தேவனாம்பட்டினத்தில் இருக்கும் அத்தைக்கு எமர்ஜென்சி விளக்கு. கடலூரில் இருப்பவர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்குச் சாமான் இல்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையைக் கடந்தபின், மாவட்டத்தின் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அத்தை அந்த நாட்களைப் பற்றி இன்றும் பேசுவார்.

விளக்கில் சார்ஜர் மாட்டும் வாசலில் ஒரு டையோடு பிரிட்ஜ் வைத்துவிட்டேன். சிஎஃப்எல் போர்டில் கிடைத்த அதே நான்கு 4007. இருட்டில் யார் எந்தப் பக்கம் மாட்டினாலும், பிளஸ் பிளஸ்ஸுக்கே போகும். 1.4 வோல்ட் நஷ்டம்தான். சார்ஜ் ஏற்றும் பக்கத்தில் அடாப்டர் வோல்டேஜைக் கூட்டிக்கொண்டால் அது ஒரு பொருட்டில்லை.

உப்புக் காற்று செம்பைத் தின்னும். ஈயம் வைத்து முடித்தபின் பேஸ்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, டாட் போர்டின் அடிப்பக்கம் முழுக்க நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு கோட். அக்கா மேசையிலிருந்து எடுத்தது, கேட்டுத்தான்.

அக்டோபர் 9, வியாழன்

விளக்கு முடிந்தது. கடைசியில் போட்ட சர்க்யூட் இது: வெள்ளை எல்இடி மும்மூன்றாக ஐந்து வரிசை, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பிசி 547, எமிட்டரில் 56 ஓம். ஐந்து பேஸும் ஒரே சிவப்பு எல்இடியின் பிளஸ் காலில் சேர்கின்றன, அதற்கு 12 வோல்ட்டிலிருந்து 2.2 கே. சிவப்பு எல்இடி பேட்டரி இறங்கினாலும் ஏறக்குறைய 1.8 வோல்ட்டில் அசையாமல் நிற்கும். பேஸ் எமிட்டர் 0.65 எடுத்துக்கொண்டால், மிச்சம் 1.15 வோல்ட் 56 ஓமில். வரிசைக்கு 20 மில்லி, எப்போதும் அதே 20. வோல்டேஜை நிலையாக நிறுத்தும் ஜீனர் டையோடு தனியாக வேண்டாம். எல்இடியும் டிரான்சிஸ்டரும் சூட்டில் ஒரே போக்கில் இறங்குவதால் கரண்ட் பெரிதாக நகர்வதும் இல்லை.

மொத்தம் 100 மில்லி சொச்சம். 7 ஆம்பியர் மணி பேட்டரியில் ஏட்டுக் கணக்குப்படி 65 மணி நேரம் தாண்டும். பேட்டரிக்கு வயது ஆக ஆகக் குறையும், அதனால் பாதியைத்தான் நம்பச் சொல்வேன். வெளிச்சம் கடைசிவரை ஒரே அளவில் நின்று, 11 வோல்ட்டுக்குக் கீழே போனபின் மங்கத் தொடங்கும். அதுதான் நிறுத்த வேண்டிய இடம். 10.5-க்குக் கீழே இறக்கினால் லெட் ஆசிட் பேட்டரி கெட்டுவிடும். அத்தையிடம் சொல்லிவிட்டேன், "மங்குனா அணைச்சிடுங்க அத்தை, கரண்ட் வந்ததும் சார்ஜ் போடுங்க" என்று. டப்பாவின் மேலும் பெரிய எழுத்தில் அதையே எழுதி ஒட்டியிருக்கிறேன்.