மாமூலுக்கு எதிராக ஒரு கடைவீதி: சங்கச் செயலாளரின் நாட்குறிப்பு

2025 ஜனவரி 9, வியாழன்

பொங்கல் சரக்கு இறங்கத் தொடங்கியதுமே எங்கள் கடைவீதியில் வசூலும் தொடங்கிவிட்டது. வருகிறவர்கள் நான்கு பேர்; கையில் கோயில் கொடை என்று அச்சிட்ட ரசீதுப் புத்தகம். பாத்திரக்கடை அண்ணாச்சிக்கு அவர்கள் கிழித்துக் கொடுத்த ரசீதை வாங்கிப் பார்த்தேன். விழாக் குழுவுக்கு ஒரு பெயர் இருக்கிறது. பதிவு எண்ணும் முகவரியும் இல்லை. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் ஒரு கிறுக்கல். தொகை மட்டும் வேறு மையில் இருந்தது. கடைக்குள் நுழைவதற்கு முன்பே ஒவ்வொரு கடைக்கும் தொகையை எழுதி வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள் என்று அண்ணாச்சி சொன்னார். கொஞ்சம் குறைத்துக்கொள்ளும்படி அவர் கேட்டதற்கு, "ஷட்டரை நீங்க பூட்டிட்டுப் போறீங்க, காலையில உள்ள என்ன இருக்கும்னு எங்களுக்குத் தெரியாது" என்று அவர்களில் ஒருவன் பதில் சொல்லியிருக்கிறான்.

விழாக் காலத்தில் வருவது இது. இதைத் தவிர வாரந்தோறும் ஒன்று இருக்கிறது. பேருந்து நிலைய முனையில் தேநீர்க் கடை வைத்திருக்கும் அக்கா சனிக்கிழமைதோறும் இருநூறு ரூபாய் தனியே எடுத்து வைக்கிறார். அது பால்காரருக்குச் சேரவேண்டிய பணம் என்று சொல்லிவிட்டு அழுதார்.

2025 ஜனவரி 11, சனி

அண்ணாச்சியையும் அக்காவையும் அழைத்துக்கொண்டு காவல் நிலையம் போனேன். மனுவை வாங்கிக்கொண்டு மனு ரசீது கொடுத்தார்கள். சி.எஸ்.ஆர். போட்டாயிற்று, இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கான அடையாளமே தவிர வழக்கு அல்ல என்பதைத் தமிழ்நாட்டில் பெரும்பாலான வியாபாரிகள் அறிந்திருக்கவில்லை. அந்தச் சிறு தாளைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் தகவல் அறிக்கை எப்போது பதிவாகும் என்று கேட்டதற்கு இரண்டு பதில்கள் கிடைத்தன. ஒருவர், இது பணக் கொடுக்கல் வாங்கல் தகராறு, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார். இன்னொருவர், புதிய சட்டப்படி பதினான்கு நாள் முதற்கட்ட விசாரணை செய்த பிறகுதான் முடிவெடுக்க முடியும் என்றார்.

2025 ஜனவரி 19, ஞாயிறு

எங்கள் சங்கத்துக்கு ஆலோசனை சொல்லும் வழக்கறிஞருடன் உட்கார்ந்து, அந்த இரண்டு பதில்களையும் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம்.

பதினான்கு நாள் விசாரணை என்பது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3)ஆம் பிரிவில் இருப்பது உண்மை. ஆனால் அது மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டுமே உரியது, அதற்கும் டி.எஸ்.பி.யின் அனுமதி வேண்டும். மிரட்டிப் பணம் பறித்தலுக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 384ஆம் பிரிவில் அதிகபட்சம் மூன்று ஆண்டு என்றிருந்த தண்டனையை, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308(2)ஆம் பிரிவு ஏழு ஆண்டாக உயர்த்திவிட்டது. ஏழு என்பது ஏழுக்குக் குறைவானது அல்ல. ஆகவே எங்களுக்குச் சொல்லப்பட்ட அந்தக் காரணம் எங்கள் வழக்குக்குப் பொருந்தவே பொருந்தாது.

கொடுக்கல் வாங்கல் என்ற பதிலுக்கு 2013 நவம்பர் 12 அன்றே விடை எழுதப்பட்டுவிட்டது. லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்காகத் தீர்ப்பை எழுதியவர், ஈரோடு மாவட்டத்திலிருந்து போய் இந்தியாவின் தலைமை நீதிபதியான ப. சதாசிவம். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்திருப்பதாகத் தகவல் சொன்னால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆகவேண்டும், தகவல் உண்மையா பொய்யா என்று முன்கூட்டியே ஆராயும் உரிமை நிலையத்துக்கு இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். குடும்பத் தகராறு, வணிகக் குற்றங்கள், மருத்துவ அலட்சியம், ஊழல் போன்ற சிலவற்றுக்கு மட்டும் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்று அது விலக்கு தருகிறது. வியாபாரி கொடுக்கும் புகார் எதுவானாலும் அதை 'வணிகம்' என்ற விலக்குக்குள் தள்ளிவிடும் பழக்கம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. கடை உடைந்துபோகும் என்று மிரட்டி வாங்குகிற பணத்தில் வணிகம் எங்கே இருக்கிறது?

பின்னர் வழக்கறிஞர் சொன்ன ஒரு செய்தி எங்கள் உறுப்பினர்கள் எல்லோரும் அறியவேண்டியது. பயமுறுத்தி, அந்தப் பயத்தால் பணமோ பொருளோ கைமாறியிருந்தால்தான் 308(2)இன் குற்றம் முழுமை பெறுகிறது. பயமுறுத்தியதோடு நின்றிருந்தால் 308(3) என்ற சிறிய பிரிவுதான். தண்டனை இரண்டு ஆண்டு. நம்மவர்கள் புகார் எழுதும்போது, பணம் கொடுத்ததை ஒப்புக்கொள்ளக் கூச்சப்பட்டு, "கேட்டு மிரட்டினார்கள்" என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். கொடுத்தவர் குற்றவாளி அல்ல. எந்த நாளில், யாரிடம், எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதுவதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது.

2025 ஜனவரி 22, புதன்

மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு 173(4)ஆம் பிரிவின்படி மனுவை ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். நேரிலும் ஒரு நகல் கொடுத்து முத்திரை வாங்கினோம். நேரில் கொடுத்ததே போதாதா என்று அண்ணாச்சி கேட்டார். நாளை நீதிமன்றத்தில் நிற்கும்போது நாம் இந்தப் படியைத் தாண்டித்தான் வந்தோம் என்று காட்ட அந்த அட்டைதான் துணை.

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

கண்காணிப்பாளர் அலுவலகத்திலிருந்து பதில் இல்லை. நேற்று மாலை அந்த நால்வரில் இருவர் தேநீர்க் கடைக்கு வந்து, "ஸ்டேஷன் வரைக்கும் போனீங்களாமே, என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். புகார் கொடுத்தவரின் பெயர் புகாருக்கு உள்ளானவர்களின் காதுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

இன்று சங்கக் கூட்டத்தில் பாதிப் பேர், நேராக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய்விடலாம் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2007 டிசம்பரில் சகிரி வாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே பேசியிருக்கிறது. ரயில் நிலையத்தில் இறந்து கிடந்த தம் மகனான ராணுவ மேஜருக்காக ஒரு தந்தை தொடுத்த வழக்கு அது. புகாரைப் பதிவு செய்யவில்லை என்ற குறையோடு உயர் நீதிமன்றத்துக்கு ஓடி வருவதை ஊக்குவிக்கக் கூடாது, நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்துக்கே அந்த அதிகாரம் உண்டு, பதிவு செய்ய உத்தரவிடுவதோடு விசாரணை ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிக்கவும் அந்த நீதிமன்றத்தால் முடியும் என்று அத்தீர்ப்பு சொல்கிறது. பேருந்து ஏறாமல் நடந்து போகும் தூரத்தில் நடுவர் மன்றம் இருக்கிறது. தேநீர்க் கடையை அரை நாள் மூடிவிட்டு அக்காவால் அங்கே வரமுடியும். மதுரைக்கு எத்தனை முறை வரமுடியும்?

குண்டர் சட்டத்தில் உள்ளே போடச் சொல்லுங்கள் என்று கேட்டவர்களும் உண்டு. 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டமான அது, அதிகபட்சம் பன்னிரண்டு மாதம் ஒருவரைத் தடுப்புக் காவலில் வைக்கலாம் என்கிறது. அதைப் பயன்படுத்துவது மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. வியாபாரியின் கையில் இல்லை. நமக்கு வேண்டியது குற்றம் என்று ஒரு நீதிமன்றம் தீர்மானிக்கும் வழக்கு.

2025 பிப்ரவரி 13, வியாழன்

வழக்குப் பதிவு செய்ய உத்தரவிடக் கோரி, நடுவர் மன்றத்தில் 175(3)ஆம் பிரிவின்கீழ் மனு தாக்கலானது. பிரமாணப் பத்திரம் இல்லாமல் இந்த மனுவை ஏற்கக் கூடாது என்று 2015இல் பிரியங்கா ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் புதிய சட்டம் தனக்குள்ளேயே எழுதிக்கொண்டுவிட்டது. அண்ணாச்சி ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாகக் கையெழுத்திட்டார். பொய் சொன்னால் தாமே தண்டனைக்கு உள்ளாவோம் என்று அறிந்து ஒருவர் போடும் கையெழுத்துக்கு நிலையத்தில் அவமதிப்பும் நீதிமன்றத்தில் மதிப்பும் கிடைக்கிறது.

கண்காணிப்புக் கேமரா பதிவுதான் நிறைய நேரம் எடுத்தது. பெட்டியில் பழைய பதிவுகள் தாமாகவே அழிந்துகொண்டு வருவதால் ஜனவரியிலேயே பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தோம். அதோடு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். கருவி யாருடையது, ஒழுங்காக இயங்கியதா என்பதைக் கடைக்காரரும், இன்னொரு பகுதியை ஒரு வல்லுநரும் நிரப்ப வேண்டும். பதிவில் யாரும் கைவைக்கவில்லை என்று காட்டும் கணினிக் குறியீடான ஹாஷ் மதிப்பையும் அதில் குறிக்க வேண்டும். எழுத்தும் எண்ணுமாக நீண்டு கிடக்கும் அந்த வரியைக் கணினிக்கடைத் தம்பி திரையைப் பார்த்து வாசிக்க, நான் காகிதத்தோடு இருமுறை சரிபார்த்தேன்.

2025 மார்ச் 5, புதன்

புதிய சட்டப்படி, உத்தரவிடும் முன் காவல் அதிகாரி சொல்வதையும் நடுவர் கேட்க வேண்டும். நிலையத்திலிருந்து வந்த அறிக்கையில் மறுபடியும் பணத் தகராறு என்றே எழுதியிருந்தது. என்ன தகராறு, எந்தக் கணக்கில், யார் யாருக்குக் கடன் என்று நடுவர் கேட்டார். பதில் வரவில்லை. ரசீதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, தொகை வேறு மையில் இருப்பதைத் தாமே கவனித்தார்.

2025 மார்ச் 20, வியாழன்

நேற்று முன்தினம் உத்தரவு வந்தது. இன்று முதல் தகவல் அறிக்கை பதிவாகி அதன் நகலும் கட்டணமின்றிக் கையில் கிடைத்தது. 308(2)ஆம் பிரிவு போட்டிருக்கிறார்கள். கடைவீதியில் யாரும் பட்டாசு வெடிக்கவில்லை, அதுவே நல்லது. அக்கா கேட்ட ஒரே கேள்வி, "இனிமேல்தானே தம்பி பயம்?" என்பது.

அவர் கேட்டது சரி. பதிவு செய்யச் சொல்லும் உத்தரவு வேறு, பாதுகாப்பு வேறு. இரண்டாவதைத் தனியே கேட்டு வாங்க வேண்டும்.

2025 ஏப்ரல் 2, புதன்

சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம், 2018இன்கீழ் மனு கொடுத்தோம். மகேந்தர் சாவ்லா வழக்கில் 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை நாடு முழுவதற்குமான சட்டமாகவே ஆக்கியது. ஏழு ஆண்டு வரையிலும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களின் சாட்சிகளுக்கு அது பொருந்தும். பழைய மூன்றாண்டுத் தண்டனை இருந்த காலத்தில் மாமூல் வழக்கின் சாட்சி இந்தக் கதவைத் தட்டியிருக்கவே முடியாது. புதிய சட்டத்தைப் பற்றி எனக்குப் பல குறைகள் உண்டு. ஆனால் இந்த ஒரு மாற்றம் தேநீர்க் கடை நடத்தும் ஒரு பெண்ணுக்கு மாவட்ட நீதிபதியின் முன் நிற்கும் உரிமையைத் தந்திருக்கிறது.

எனக்கு உறுத்துவது ஒன்று. அச்சுறுத்தல் எவ்வளவு என்று அறிக்கை தரவேண்டியவர் டி.எஸ்.பி. புகாரைப் பதிவு செய்ய மறுத்த துறையே பயத்தையும் அளந்து சொல்கிறது. முடிவெடுக்கும் குழுவுக்கு மாவட்ட முதன்மை நீதிபதி தலைவராக இருப்பதால், அறிக்கையோடு எங்கள் பிரமாணப் பத்திரத்தையும், பிப்ரவரியில் தேநீர்க் கடையில் நடந்த பேச்சின் விவரத்தையும் தனியே இணைத்திருக்கிறோம்.

2025 ஏப்ரல் 11, வெள்ளி

கைதான மூவரின் பிணை மனு விசாரணைக்கு வந்தது. நான்காமவன் இன்னும் அகப்படவில்லை. பிணை மனுவில் அரசுத் தரப்பு மட்டும்தான் பேசலாம், புகார்தாரர் பேச இடமில்லை என்ற எண்ணம் நீதிமன்ற வளாகத்திலேயே பலருக்கு இருக்கிறது. 2022 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தில் விவசாயிகள் மீது வாகனம் ஏற்றப்பட்ட லக்கிம்பூர் கேரி சம்பவம் தொடர்பான ஜக்ஜீத் சிங் வழக்கில், பாதிக்கப்பட்டவரின் தரப்பை ஒவ்வொரு கட்டத்திலும் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதைக் காட்டி, எங்கள் வழக்கறிஞர் இடைமனு தாக்கல் செய்தார். பிணையே கூடாது என்று நாங்கள் வாதாடவில்லை. கடைவீதிப் பக்கம் வரக்கூடாது, வேறு ஊரில் தங்கி அங்குள்ள காவல் நிலையத்தில் தினமும் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனையைக் கேட்டோம். நீதிபதி அதை அப்படியே விதித்தார். கடைவீதிக்கு நீதிமன்றம் இதுவரை தந்தவற்றுள் மிகப் பயனுள்ளது இந்த நிபந்தனைதான் என்பது என் கருத்து. தீர்ப்பு வர ஆண்டுகள் ஆகலாம். இந்தச் சனிக்கிழமை அக்கா இருநூறு ரூபாயைப் பால்காரருக்குக் கொடுப்பார்.

2025 மே 5, திங்கள்

வணிகர் தினம் என்பதால் கடைகள் அடைப்பு. அந்த ஓய்வில் ஜவுளிக்கடைக்காரர் ஒருவரும் பழக்கடைக்காரர் இருவரும் தாமாகவே சங்கத்துக்கு வந்து, தாங்களும் கொடுத்திருப்பதாகத் தேதியும் தொகையும் எழுதிக் கொடுத்தார்கள். ஜனவரியில் இவர்களிடம் நான் கேட்டபோது தலையை ஆட்டி மறுத்தவர்கள். அவர்களுடைய வாக்குமூலத்தை 183ஆம் பிரிவின்கீழ் நடுவர் முன்பே பதிவு செய்யும்படி விசாரணை அதிகாரிக்கு நாளை கடிதம் கொடுக்கிறோம். நிலையத்தில் சொன்னது பின்னால் மாறலாம். நடுவர் முன் சத்தியம் செய்து சொன்னதை மாற்றச் சொல்லி மிரட்டுவது எளிதல்ல.

விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைத் தொண்ணூறு நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 193ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கெடு ஜூன் 18 அன்று முடிகிறது. அதற்குள் கடிதம் வராவிட்டால், நான்காமவனைத் தேடுவதில் என்ன செய்தார்கள் என்று அறிக்கை கேட்கும்படி அதே நடுவரிடம் மனு போடுவோம். மனுவின் வரைவை இன்றே எழுதிக் கோப்பில் வைத்துவிட்டேன்.