பக்கத் தையலைப் பிரித்தால் மட்டும் போதாது

டைட்டாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னதும் கை தானாகப் போவது பக்கத் தையலுக்குத்தான். உள்ளே மார்ஜின் (தையலுக்கு வெளியே விட்ட துணி) இருந்தால் பிரித்துவிடுவது, இல்லையென்றால் அடுத்த முறை வெட்டும்போது இரண்டு பக்கமும் அரை இஞ்ச் கூட்டுவது. இடுப்பிலும் சீட்டிலும் (உட்காரும் பாகத்தின் சுற்றளவு) இந்த வழி பெரும்பாலும் பலிக்கும். மார்பு, தோள், கை என்று வந்துவிட்டால் பலிக்காது. அங்கெல்லாம் கோளாறு தெரிகிற இடம் ஒன்று, பிறக்கிற இடம் வேறு. மார்புக்குப் போதாத உடையில் அக்குளுக்குக் கீழே அரை இஞ்ச் கூட்டிப் பாருங்கள். அக்குளில் துணி கொசுவி நிற்கும், மார்பின் நடுவில் இழுப்பு அப்படியே இருக்கும், முன்பக்கம் கீழ் ஓரம் முன்னைப் போலவே தூக்கிக்கொண்டிருக்கும்.

அளவு வாரியாக வெட்டிய தாள் பேட்டர்ன்களை, அதாவது துணியை வெட்ட வழிகாட்டும் தாள் மாதிரிகளை, அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் 1863-ல் விற்கத் தொடங்கினார். அன்றிலிருந்து இன்றைக்குத் தரவிறக்கி ஏ4 தாளில் அச்சிட்டு ஒட்டுகிற பேட்டர்ன் வரை அடிப்படை ஒன்றுதான்: ஒரு கற்பனை உடம்புக்கு வரைந்து, அதைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பல சைஸ் எடுக்கிறார்கள். அந்தக் கற்பனை உடம்பில் பெரும்பாலும் மேல் மார்புச் சுற்றளவுக்கும் முழு மார்புச் சுற்றளவுக்கும் 2 இஞ்ச் வித்தியாசம். வருகிறவருக்கு வித்தியாசம் 5 இஞ்சாக இருந்தால் எந்த சைஸை எடுத்தாலும் ஏதோ ஓரிடத்தில் தப்பும். எந்த இடத்தில் தப்பினால் திருத்துவது சுலபம் என்று பார்த்துத்தான் சைஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

திருத்தக் கடினமானவை கழுத்து, தோள், கைக்குழி (உடம்போடு கை சேரும் வளைவு). ஆகவே சைஸை இவற்றுக்குப் பொருந்தும்படி எடுத்து, மார்பைத் தாளில் கூட்டுவது நல்லது. அக்குளை ஒட்டி, மார்புக்கு மேலே டேப்பைச் சுற்றினால் வருவது மேல் மார்பு அளவு. அது 34, முழு மார்பு 39 என்றால், 39-க்கான பேட்டர்ன் வேண்டாம். 34-உடன் 2 கூட்டி 36 மார்புக்கான பேட்டர்னை எடுத்து, மீதி 3 இஞ்சை முன்பாகத்தில் மட்டும் சேர்க்க வேண்டும். 39-க்கான பேட்டர்னை எடுத்தால் மார்பு சரியாக வரும், தோள் கைக்கு வழிந்து விழும், கழுத்து முன்னால் வாய் பிளக்கும். இந்தக் கழுத்தைத்தான் பலரும் பிறகு நாடா வைத்துச் சரிக்கட்டுகிறார்கள்.

பேட்டர்ன் உறையில் போட்டிருக்கும் அளவு உடம்பின் அளவு. தைத்த உடை எத்தனை இஞ்ச் வரும் என்பதைத் தாளைத்தான் அளந்து பார்க்க வேண்டும்: தையல் மார்ஜினையும் டார்ட்டையும் (வளைவுக்காக முக்கோணமாக மடித்துத் தைப்பது) கழித்து, முன், பின் பாதித் தாள்களைக் கூட்டி, வருவதை இரண்டால் பெருக்க வேண்டும். நெய்த துணி உடைக்கு மார்பில் 2 முதல் 4 இஞ்ச், இடுப்பில் 1, சீட்டில் 2 இஞ்ச் லூஸ் இருந்தால் உட்கார்ந்து எழ முடியும். அதற்கு மேல் இருப்பது டிசைனுக்காக விட்டது. அதைக் குறைக்கலாமா என்று தைக்கக் கொடுத்தவரிடம் கேட்காமல் குறைக்கக் கூடாது. மார்ஜினும் எல்லா பேட்டர்னிலும் ஒன்றல்ல. பழைய அமெரிக்க கம்பெனிகள் 5/8 இஞ்ச் சேர்த்தே தருவது வழக்கம். புர்தா என்ற தையல் பத்திரிகையின் பேட்டர்ன்களில் பொதுவாக மார்ஜினே இருக்காது. இதைப் பார்க்காமல் வெட்டினால் நான்கு தையலிலும் சேர்ந்து 5 இஞ்ச் வரை காணாமல் போகும்.

திருத்தத்தில் நீளம்தான் முதலில். கழுத்துக்குப் பின்னால் தலையைக் குனிந்தால் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பு வரை அளக்க வேண்டும். இடுப்பு எங்கே என்று சண்டை வராமலிருக்க, ஒரு எலாஸ்டிக்கைக் கட்டிவிட்டால் அதுவே போய் உட்காரும் இடம்தான் இடுப்பு. நீளம் சரியாகாமல் அகலத்தைத் திருத்தினால், மார்புக்கு விட்ட இடம் மார்புக்குக் கீழே போய் நிற்கும். குறைக்க வேண்டியது 1 இஞ்ச் என்றால் அது மார்புக்கு மேலா, கீழா என்றும் பார்க்க வேண்டும். தோளிலிருந்து மார்பு முனை வரை உள்ள தூரம் தாளில் கூடுதலாக இருந்தால், கைக்குழியின் நடுவே குறுக்காக ஒரு மடிப்பு எடுக்க வேண்டும். அப்போது கையின் மேல் வளைவிலும் அதே அளவு மடிப்பு வர வேண்டும். இந்த இரண்டாவது மடிப்பை மறந்தால் கை பெரிதாகி, தோளில் சுருக்கம் விழும்.

இனி முன்பாகத்தில் அந்த 3 இஞ்ச். தாளில் இருப்பது பாதி முன்பாகம் என்பதால் இங்கே கூட்ட வேண்டியது 1½ இஞ்ச். ஒரிஜினல் தாளை வெட்டக் கூடாது; டிரேஸ் எடுத்துக்கொள்ள வேண்டும். தாளை உடம்பின் மேல் வைத்து மார்பு முனையைக் குறித்து, கீழ் ஓரத்திலிருந்து நடுக்கோட்டுக்கு இணையாக அந்தப் புள்ளி வரை ஒரு கோடு. புள்ளியிலிருந்து கைக்குழியின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்கு அதே கோட்டைத் திருப்ப வேண்டும். பக்கத் தையலிலிருந்து டார்ட்டின் நடுவே அதே புள்ளிக்கு இரண்டாவது கோடு. டார்ட் இல்லாத பேட்டர்ன் என்றால், டார்ட் வர வேண்டிய இடத்தில் இந்தக் கோடு.

முதல் கோட்டைக் கீழிருந்து வெட்டிக்கொண்டு போய், கைக்குழியில் முழுக்க வெட்டாமல் நிறுத்த வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலருக்கும் தப்புகிறது. தாள் ஓரத்தில் அல்ல, தையல் விழும் கோட்டில். மார்ஜினில் எதிர்ப்பக்கமிருந்து சின்ன வெட்டு கொடுத்தால், தையல் கோட்டில் ஒரு மில்லிமீட்டர் தாள் மட்டும் கீல் மாதிரி நிற்கும். ஓரத்தில் நிறுத்தினால் தையல் கோடு விரிந்து கைக்குழி நீண்டுவிடும், பிறகு கை சேராது. டார்ட் கோட்டை மார்பு முனைக்கு அருகில் வரை வெட்டி, அங்கேயும் ஒரு கீல் விட வேண்டும். பிறகு பக்கத்துத் துண்டை வெளியே நகர்த்தினால் மார்பு முனையிலிருந்து கீழே 1½ இஞ்ச் இடைவெளி, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் இணையாகத் திறக்கும். டார்ட்டும் கூடவே அகலும். மார்பின் வளைவுக்குத் தேவைப்பட்ட இடம் அதுதான். பக்கத் தையலில் கூட்டியபோது கிடைக்காமல் போனதும் அதுதான்.

இப்போது பக்கத் துண்டு நடுத் துண்டைவிடக் கீழே இறங்கியிருக்கும். நடுத் துண்டைக் குறுக்காக வெட்டி, அதையும் அதே அளவு இறக்கி, கீழ் ஓரத்தைச் சமப்படுத்த வேண்டும். முன்பக்கம் தூக்காமல் இருக்கத் தேவையான நீளம் இதில்தான் கிடைக்கிறது. இடுப்பிலும் 1½ இஞ்ச் கூடியிருக்கும். வேண்டாமென்றால் இடுப்பில் ஒரு டார்ட் பிடிக்கலாம், கொஞ்சத்தைப் பக்கத்தில் கழிக்கலாம். எல்லாவற்றையும் பக்கத்திலேயே கழித்தால் பக்கத் தையல் முன்னால் வளைந்து ஓடும்.

டார்ட்டின் கூர் மார்பு முனையிலேயே முடியக் கூடாது. 1 இஞ்ச் முன்னாலேயே நிறுத்த வேண்டும், பெரிய மார்புக்கு 1½ இஞ்ச். டார்ட்டின் வாய் ஒன்றரை இஞ்சைத் தாண்டினால் கூர் கொம்பு மாதிரி நிற்கும், எத்தனை அயர்ன் செய்தாலும் அடங்காது. இரண்டு டார்ட்டாகப் பிரிக்கலாம், அல்லது பாதியை இடுப்புக்குத் திருப்பிவிடலாம். புது டார்ட்டைத் தாளிலேயே மடித்துக் கீழ்ப்பக்கம் சாய்த்து, மடித்த நிலையிலேயே பக்கத் தையல் ஓரத்தை வெட்ட வேண்டும். பிரித்துப் பார்த்தால் ஓரம் முக்கோணமாக நீட்டிக்கொண்டிருக்கும். அதை அழகுக்காக நறுக்கிவிடுகிறவர்கள் உண்டு. நறுக்கினால் டார்ட் தைத்த பிறகு பக்கத் தையலில் துணி போதாது.

கைக்குழி பற்றி ஒரு தவறான எண்ணம் எங்கும் இருக்கிறது. கையைத் தூக்க முடியவில்லை என்றால் குழியை இன்னும் கீழே வெட்டிவிடுகிறார்கள். குத்துவது நிற்கும், கை தூக்குவது இன்னும் மோசமாகும். குழி எவ்வளவு கீழே இருக்கிறதோ, கையைத் தூக்கும்போது அவ்வளவு துணி இடுப்பிலிருந்து மேலே இழுபடும். பார்க்க வேண்டியது குழியின் ஆழத்தை அல்ல. முன்பக்கத்துக் குடைவு போதுமா, முதுகு அகலம் போதுமா, கையின் சுற்றளவு போதுமா என்பதை. கை வைத்த உடைக்குக் குழியின் அடி அக்குளிலிருந்து சுமார் 1 இஞ்ச் கீழே இருந்தால் போதும். அதைவிட இறங்கியிருந்தால் அரை இஞ்ச் ஏற்றி, கையின் அக்குள் பகுதியையும் அரை இஞ்ச் ஏற்ற வேண்டும். கை வைத்த பேட்டர்னைக் கையில்லாமல் தைக்கக் கேட்டால், குழியை அரை இஞ்ச் ஏற்றி, தோள் நுனியை அரை இஞ்ச் உள்ளே எடுத்து, பக்கத் தையலில் அக்குளருகே கால் இஞ்ச் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளாடை தெரியும்.

மேற்கை பருமனாக இருந்தால் கையின் அகலத்துக்கு மட்டும் திருத்தம். கைத் தாளில் மேலிருந்து கீழே நடுவில் ஒரு கோடு, அக்குளிலிருந்து அக்குளுக்குக் குறுக்கே ஒரு கோடு. நடுவில் இரண்டையும் வெட்டி, நான்கு முனையிலும் கீல் விட்டு, இரு பக்கமும் இழுத்தால் நடுவில் அகலம் திறக்கும். குறுக்குக் கோட்டில் தாள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கையின் மேல் வளைவு தாழும். வளைவின் நீளம் மாறாது. 1 இஞ்சுக்கு மேல் திறந்தால் வளைவு மிகவும் தட்டையாகி, தோள் நுனியிலிருந்து இழுப்புக் கோடுகள் வரும். அப்போது உச்சியைக் கொஞ்சம் உயர்த்தி வரைந்து, நீளத்தைக் குழியோடு ஒப்பிட வேண்டும். தையல் கோட்டில் டேப்பை நிற்க வைத்து அளந்தால், கை வளைவு குழியைவிட 1 முதல் 1½ இஞ்ச் அதிகம் இருப்பது வழக்கம். பாலியெஸ்டர் மாதிரி அடங்காத துணிக்கு முக்கால் இஞ்சே அதிகம்.

கழுத்து வாய் பிளந்தால், ட்ரையலில் பிளக்கிற அளவைக் கிள்ளிப் பின் குத்திப் பார்க்க வேண்டும். 3/8 இஞ்ச் என்றால், தாளில் கழுத்திலிருந்து மார்பு முனைக்கு ஒரு கோடு வெட்டி, கழுத்தில் 3/8 ஏற்றி, முனையில் ஒன்றுமில்லாமல் முடிக்க வேண்டும். டார்ட்டும் வெட்டப்பட்டிருந்தால் அந்த அளவு அங்கே போய்ச் சேரும், மார்பில் ஒன்றும் குறையாது. ஃபேசிங் (கழுத்தின் உள்பக்கம் வைத்துத் தைக்கும் பட்டி) தாளைப் புதுக் கழுத்திலிருந்து மறுபடி வரைய வேண்டும். இத்தனையும் செய்த பிறகும் பிளந்தால் தப்பு பேட்டர்னில் இல்லை. வெட்டிய கழுத்து கையாளும்போதே இழுபட்டிருக்கும். வெட்டின உடனே, வேறெதையும் தொடுவதற்கு முன், மார்ஜினுக்குள் ஒரு சுற்றுத் தையல் போட்டுவைக்க வேண்டும்.

ட்ரையலுக்குக் காடாத் துணி போதும், ஆனால் கனம் உண்மையான துணிக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். வழுக்கி விழும் துணிக்கு விறைப்பான காடாவில் ட்ரையல் பார்ப்பதில் பயனில்லை. மார்பு, இடுப்பு, சீட் மூன்றிலும் பென்சிலில் குறுக்குக் கோடு போட்டு, நீளமான ஓடுதையலில் சேர்த்து, உடையின் உள்ளே என்ன அணியப்போகிறார்களோ அதையே அணிந்து போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். கோடு தரைக்கு இணையாக இல்லாமல் எங்கே தூக்குகிறதோ அங்கே நீளம் போதவில்லை. சாய்ந்து ஓடும் இழுப்பு, துணி போதாத இடத்தைச் சுட்டும். மேலிருந்து கீழாக மடிப்பு விழுந்தால் அகலம் அதிகம். முதுகில் இடுப்புக்கு மேல் குறுக்காகக் கொசுவினால் நீளம் அதிகம், ஆனால் சீட்டில் டைட்டாக இருந்தாலும் இதே கொசுவம் வரும். முதலில் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் முதுகைக் குறைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு திருத்தம்தான். நான்கையும் ஒன்றாகக் குத்தினால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாது.

கீழ்ப்பாகத்தை வட்டப் பாவாடையாக மாற்றிக் கேட்பது அடிக்கடி வரும். அது கணக்கு மட்டும்தான். இடுப்பை 6.28-ஆல் வகுத்தால் ஆரம். 28 இஞ்சுக்கு ஏறக்குறைய 4½. அது தைக்கும் கோடு. வெட்டுவது அரை இஞ்ச் உள்ளே, 4-ல். நீளம் 27, மடிப்பு அரை என்றால் மையத்திலிருந்து 32 இஞ்ச். 44 இஞ்ச் அகலத் துணியில் இரண்டு அரைவட்டம் வெட்ட, பக்க மார்ஜினோடு சுமார் 130 இஞ்ச் நீளம் வேண்டும். 3½ மீட்டர் வாங்கச் சொல்லிவிடலாம். ஒரே திசையில் நிற்கும் அச்சு வேண்டாம், சுற்றி வரும்போது பூவெல்லாம் படுத்துக்கொள்ளும். இடுப்போடு சேர்த்த பிறகு ஒரு நாள் தொங்கவிட்டுத்தான் கீழ் ஓரம் வெட்ட வேண்டும். துணியின் இழைக்குச் சாய்வாக விழும் இடங்கள் மட்டும் நீளும்.

திருத்திய தாளில் பெயர், தேதி, எந்த சைஸிலிருந்து எடுத்தது, எங்கே எவ்வளவு கூட்டியது, மார்ஜின் சேர்ந்ததா இல்லையா என்பதெல்லாம் அன்றைக்கே எழுதிவைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே ஆள் வரும்போது டேப்பை எடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்க வேண்டியதில்லை. உடம்பு ஏறி இறங்கியிருந்தாலும் தோள் நீளமும் முதுகு நீளமும் அதிகம் மாறியிருக்காது. மார்பு, இடுப்பு, சீட், மேற்கை நான்கையும் மறுபடி எடுத்து, பழைய தாளின் மேல் புது நிற மையில் எழுதினால் போதும்.