பால்மரமும் பருவச்சொல்லும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில், ஒரு கோப்பிக்கடையின் பின்மேசையில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சிலர் ஹைக்கூ எழுத உட்காருகிறோம். ஜப்பானில் 'குகாய்' என்று நடத்துகிறார்களே, அந்த முறைதான். தலைப்பு முன்கூட்டியே வந்துவிடும். எழுதியதைப் பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் கொடுக்க வேண்டும். சீட்டுகளைக் கலைத்து, வேறு ஆள் கையெழுத்தில் படியெடுத்த பிறகே வாசிப்பு, வாக்கு எல்லாம். முகதாட்சண்யத்துக்கு இடமில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான்.

போன முறை தலைப்பு: இலையுதிர் காலம். ஜப்பானியர்களுக்கு இது லேசு. ஹைக்கூவில் பருவத்தைக் காட்ட வரும் பருவச்சொற்களைத் தொகுத்து 'சைஜிகி' என்று தனி அகராதியே வைத்திருக்கிறார்கள். வெறுமனே நிலா என்றாலே அங்கே இலையுதிர் காலம். நமக்கோ வருஷம் பூராவும் வெயிலும் மழையும். ஒரு சீட்டில் மேப்பிள் இலை சிவந்திருந்தது. எழுதியவர் அதைக் காலண்டரில்தான் பார்த்திருப்பார்!

ஆனால் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இலையுதிர் காலம் தெரியாதா என்ன? தைப்பூசத்தை ஒட்டி பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், இலை பழுக்க ஆரம்பிக்கும். அப்புறம் நிரை நிரையாக மொட்டை. கீழே சருகு கணுக்கால் வரை கிடக்கும், நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். பிறகு செம்பு நிறத்தில் தளிர். அந்த மாதங்களில் பால் குறையும், அதோடு கூலியும். நான் எழுதியது:

பால்மரம் மொட்டை
அம்மாவின் சம்பளச் சீட்டில்
குறைந்த நாட்கள்

வாக்கு அதிகம் விழுந்தது இதற்கில்லை, இதற்கு:

ரப்பர் காய் வெடிக்கிறது
கரும்பலகையிலிருந்து திரும்புகிறார்
கணக்கு வாத்தியார்

இது ஹைக்கூவா, சென்ரியுவா என்று சண்டை. பருவச்சொல் கேட்காமல் மனிதரைச் சீண்டினால் சென்ரியு. ஆனால் ரப்பர் காய் வெடிப்பதற்கும் மாதம் உண்டே! எங்கள் ஊர் சைஜிகியில் அதற்குத்தான் முதல் பக்கம் என்பேன்.

ஹைக்கூவின் மூன்று பகுதிக்குமான ஐந்து-ஏழு-ஐந்து ஒலிக் கணக்கை நாங்கள் பிடித்துத் தொங்குவதில்லை. ஜப்பானியர் எண்ணுவது நம் மாத்திரை மாதிரி, நெடிலுக்கு இரண்டு. ஆனால் சொல்லை முடிக்கும் 'ன்' அவர்களுக்கு முழுசாக ஒன்று, தொல்காப்பியத்தில் அரைதான். தமிழில் அப்படி எண்ணி எழுதினால் தந்தி வாசகம்தான் மிஞ்சும்.

அடுத்த மாதத் தலைப்பு 'பனி'யாம். கொடுத்தவர் குளிர்ப் பிரதேசமான கேமரன் மலைக்காரர். செம்பனைக் குலை (எண்ணெய்ப்பனைக் குலைதான்) ஏற்றிய லாரி என்று மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.