வவுனியா நகருக்குள் ஒரு பழைய வாடகை வீடு

வன்னியில் பழைய வீடொன்றில் வாடகைக்கு இருக்க விரும்புகிறவருக்குத் தெரிவுகள் அதிகம் இல்லை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் புதுக்குடியிருப்பிலும் 2009 ஆம் ஆண்டுக்குப் பிறகு ஊர் திரும்பியவர்கள் கூரையோடு நின்ற வீட்டைக் கண்டது அபூர்வம். இன்று அங்கே இருப்பவை பெரும்பாலும் வீட்டுத்திட்டத்தில் கட்டிய இரண்டறை வீடுகளும் வெளிநாட்டுக் காசில் எழும்பிய மாடிகளும்தான். வவுனியா நகரம் தொண்ணூறுகளிலிருந்து போர் முடியும்வரை அரச கட்டுப்பாட்டிலேயே இருந்தபடியால், குண்டும் ஷெல்லும் அதனை முற்றாக விட்டுவைத்தன என்று சொல்ல முடியாவிட்டாலும், கடைவீதிக்கும் புகையிரத நிலையத்துக்கும் இடைப்பட்ட குறுக்குத் தெருக்களில் ஓட்டுக்கூரையும் தூண் வைத்த விறாந்தையுமாகச் சில வீடுகள் தப்பி நிற்கின்றன. முல்லைத்தீவுப் பக்கத்தில் பிறந்து, அரச உத்தியோகத்தில் இடமாற்றம் கிடைத்து இங்கே வந்த எனக்கு, அப்படியொரு வீட்டின் பாதி வாடகைக்குக் கிடைத்தது.

பாதி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நகரத்தில் வாடகைக்கு இருப்பதைப் பற்றிப் பேசுவதானால் அந்தக் காரணத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வவுனியா ஒரு சந்திப்பட்டினம். 1905 இல் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம்வரை புகையிரதப் பாதை முழுமையடைந்தபோது இது வழியில் உள்ள ஒரு நிலையமாயிற்று. கண்டி வீதியும் மன்னார் வீதியும் ஹொரவப்பொத்தானை வீதியும் சந்திக்கும் இடமாகையால் கடைகளும் கச்சேரி உத்தியோகத்தரும் ஆசிரியர்களும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்காகக் கட்டிய வீடுகள்தாம் நான் சொல்லும் பழைய வீடுகள். 1990 இல் வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்றுபோனது. அதன் பிறகு வழியில் இருந்த ஊர் பாதை முடியும் ஊராகிவிட்டது. வடக்கே இருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களும், கொழும்புக்குப் போகக் காத்திருந்தவர்களும், வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பி வைக்க வந்தவர்களும், திரும்பிப் போக வழியில்லாமல் நின்றவர்களும் இங்கேயே தங்கினார்கள். பூந்தோட்டம் நலன்புரி நிலையத்தில் இருந்தவர்கள் ஒருபுறம். கையில் கொஞ்சம் காசு இருந்தவர்கள் நகருக்குள் அறை தேடினார்கள். நகருக்குள் தங்குவதற்கே பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற காலம் அது. பாஸ் ஒரு கிழமைக்கா ஒரு மாதத்துக்கா என்பதைப் பொறுத்து வாடகையும் பேசப்பட்டது. அறைக்கு அறை ஒரு குடும்பம் என்று வீடுகள் நிறைந்தன. விறாந்தையை மறித்துச் சுவர் எழுப்பினார்கள். பின்பக்கம் சீற் இறக்கி இன்னொரு குசினி போட்டார்கள்.

எங்கள் வீட்டு நடுச்சுவர் அப்படி எழும்பியதுதான். மேசன் அவசரத்தில் கட்டியிருக்க வேண்டும். தெருப்பக்க அறையின் பெரிய மரயன்னல் சுவருக்கு இடம் விடாதபடியால், சுவர் யன்னலின் நடுக்கம்பியில் போய் முட்டி நிற்கிறது. யன்னலின் இடது கதவு எங்களுக்கு, வலது கதவு பக்கத்து வீட்டாருக்கு. அவர்கள் தங்கள் பாதியைச் சாத்தினால் எங்கள் பாதி அதிர்கிறது. சுவருக்கும் யன்னல் நிலைக்கும் இடையில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கிறது. அதைப் பழைய துணியால் அடைத்து, அதன்மேல் யாரோ ஒருகாலம் சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள். அந்த இடைவெளியால் பக்கத்து வீட்டுக் கருவாட்டுக் குழம்பின் வாசம் வரும், எங்கள் வீட்டுச் செய்தி போகும்.

குசினிக்குப் போகும் வழியில் இன்னொரு கதவு உண்டு. நிலையோடு சேர்த்துப் பலமுறை நிறம் அடித்ததில் கொண்டியும் பூட்டும் ஒட்டிப்போயிருக்கின்றன. குடிவந்த புதிதில் அதைத் திறக்கலாமா என்று வீட்டுக்கார அன்ரியிடம் கேட்டேன். "அதைத் திறக்கப்படாது பிள்ளை, அங்காலை ஆக்கள் இருக்கினம். அது உங்கடை வீட்டுக் கதவில்லை, அவையின்ரை வீட்டுச் சுவர்" என்றார். கேட்டபோது சிரிப்பு வந்தது. ஆனால் இந்த நகரின் பழைய வீடுகளில் குடியிருப்பவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டிய சட்டம் அதுதான்: எது கதவு, எது சுவர் என்பதை வீட்டை வரைந்தவர் முடிவு செய்யவில்லை, பிறகு வந்தவர்களின் எண்ணிக்கை முடிவு செய்தது.

இந்தப் பாதி வீடுகளில் சண்டை வரும் இடம் மின்மானி. வீடு ஒன்றாக இருந்தபோது எடுத்த இணைப்பு ஒன்றே. வீட்டுக்காரர் நடுவில் ஒரு சிறிய மீற்றரைப் பூட்டி, யாருக்கு எத்தனை அலகு என்று பிரித்துவிடுவார். இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிமுறையாக ஏறுவது. குறைந்த அலகு பாவிப்பவருக்கு அலகுக்குரிய விலை குறைவு, கூடப் பாவித்தால் அடுத்த படிக்குப் போய்விடும். இரண்டு குடும்பம் ஒரு மீற்றரில் இருந்தால், தனித்தனியே கீழ்ப்படிகளில் நிற்கக்கூடிய இருவரும் சேர்ந்து மேற்படிக்கு ஏறி, அந்த மேலதிகத்தை இருவருமே கட்ட வேண்டி வருகிறது. சிறிய மீற்றரைப் பார்த்து அலகைப் பிரிப்பது இலகு; ஏறிய விலையை யாருடைய கணக்கில் போடுவது என்பதைத்தான் எவரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. ஆகவே பழைய வீடு பார்க்கப் போகிறவர்கள் விறாந்தையின் அழகைப் பார்ப்பதற்கு முன்னர் மீற்றர் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. தனி இணைப்பு எடுத்துத் தர வீட்டுக்காரர் சம்மதித்தால், வாடகை கொஞ்சம் கூடினாலும் அந்த வீடே மேல்.

கிணறு இரு வீட்டுக்கும் பொது. வன்னியின் நிலத்தடி நீர் கடினமானது. கேத்தில் கொதிக்கக் கொதிக்க அடியில் வெள்ளையாகக் கல் பிடிக்கும், குளித்த தலைமயிர் உலர்ந்தால் கயிறுபோல நிற்கும். வவுனியா மாவட்டத்தில் சிறுநீரக நோய் பெருகியிருப்பதால் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதற்கு இப்போது பலரும் அஞ்சுகிறார்கள். குடிக்கவும் சமைக்கவும் சுத்திகரித்த தண்ணீரைக் கலனில் வாங்குவதும், குழாய் நீர் கிடைக்கும் வீட்டை விசாரிப்பதும் வழக்கமாகிவிட்டன. எங்கள் கிணற்றுக்கு ஒரு மோட்டரும் ஒரு தொட்டியும் இருப்பதால், யார் எந்த நேரத்தில் தண்ணீர் ஏற்றுவது என்று எழுதாத ஓர் ஒழுங்கு இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணை காலை ஐந்து மணிக்கு ஏற்றிவிடுவார், நாங்கள் பின்னேரம். கோடை முற்றிக் கிணறு கீழே போகும் ஆவணி, புரட்டாதியில் இந்த ஒழுங்கு கொஞ்சம் ஆடும்.

மழைக்காலத்தின் சங்கதி வேறு. இந்த நகரின் குடியிருப்புகளில் பாதி குளங்களை ஒட்டியவை: வைரவபுளியங்குளம், பண்டாரிக்குளம், இறம்பைக்குளம், தாண்டிக்குளம். வயலும் குளக்கட்டும் இருந்த இடத்தில் மண் நிரப்பி வீடு கட்டிய இடங்களில், கார்த்திகை, மார்கழி மழைக்குத் தண்ணீர் பழைய வழியைத் தேடி முற்றத்துக்கு வரும். பழைய வீடுகளைக் கட்டியவர்கள் இதை அறிந்தவர்கள். எங்கள் வீட்டுப் படிகளை ஏறி வருகிற எவரும் ஏன் இத்தனை உயரம் என்று கேட்கிறார்கள். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற ஒரு மார்கழியில் அதற்கு விடை கிடைத்தது. நீர் இரண்டாம் படியோடு நின்றுவிட்டது. எதிரே அண்மையில் கட்டிய, மாபிள் பதித்த வீட்டுக்காரர் அன்று இரவு முழுவதும் வாளியோடு நின்றார்.

கூரைதான் பழைய வீட்டின் நன்மையும் தொல்லையும். ஓட்டுக்கு அடியில் உயரமாகக் காற்று நிற்பதால் சித்திரை வெயிலிலும் பகலில் படுத்து உறங்கலாம். ஆனால் நகருக்குள் குரங்குகள் உண்டு. பக்கத்து வளவு மாமரத்திலிருந்து குதிக்கும் ஒரு கூட்டம் ஓடுகளை விலத்திவிட்டுப் போகும். விலகியது மழை வரும்வரை தெரியாது. புரட்டாதி முடிவதற்குள் ஓடு மாற்றத் தெரிந்த ஆளைப் பிடிக்க வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள், பழைய அளவு ஓடும் இலகுவில் கிடைப்பதில்லை. இந்தத் தொல்லை பொறுக்காமல் சில வீட்டுக்காரர் ஓட்டைக் கழற்றிவிட்டு சீற் போட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குப் பழைய வீடு என்று கூடுதல் வாடகை கொடுப்பது வீண்; பகலில் அது சூளையாகிவிடும்.

ஒப்பந்தத்தைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் இங்கே அநேகர் வாய்ப்பேச்சோடு விட்டுவிடுகிறார்கள், அல்லது கடையில் வாங்கிய படிவத்தில் கையொப்பமிட்டு முத்திரை ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்குச் செய்யும் குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். வீட்டுக்காரர் அதற்குத் தயங்குவது பெரும்பாலும் ஏமாற்றும் எண்ணத்தினால் அல்ல. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவரை இலகுவில் எழுப்ப முடியாதபடி பாதுகாத்ததும், அதனால் பரம்பரை வீட்டை இழந்ததாகச் சொல்லப்படும் கதைகளும் அவர்களுடைய மனத்தில் இன்னும் இருக்கின்றன. வாடகைக்கு வருகிறவர் நொத்தாரிசு என்று சொன்னாலே, எழும்பமாட்டார் போலும் என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் காலம் குறித்து எழுதிய ஒப்பந்தம் வீட்டுக்காரரையும் காப்பாற்றுகிறது என்பதை நாங்கள்தான் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, யாரோடு ஒப்பந்தம் செய்கிறோம் என்பது. நகருக்குள் உள்ள பழைய வீடுகளில் கணிசமானவற்றின் உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருக்கிறார். வாடகையை வாங்குபவர் ஒரு சித்தப்பாவாகவோ ஒரு மச்சாளாகவோ இருப்பார். அவரிடம் அற்றோணித் தத்துவம், அதாவது உரிமையாளருக்காகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம், இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஒரு வருட முற்பணத்தை உறவினரிடம் கொடுத்து, ஐந்தாம் மாதம் உரிமையாளர் விடுமுறையில் வந்து நீங்கள் யார் என்று கேட்ட கதை உண்டு. நகரைவிட்டுச் சற்றே வெளியே போனால் இன்னொரு சிக்கல்: 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிற் காணிகள் வன்னியில் ஏராளம், அவற்றைக் கைமாற்றவும் குத்தகைக்குக் கொடுக்கவும் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. தனியாருக்கு முழு உரிமையுள்ள உறுதிக் காணியில் நிற்கும் பழைய வீட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வீட்டுக்காரர் அடையாள அட்டைப் பிரதி கேட்பார், குடும்பத்தில் எத்தனை பேர் என்று எழுதித் தரச் சொல்வார், இரவில் தங்கும் உறவினரைப் பற்றியும் விசாரிப்பார். வெளியூரிலிருந்து வரும் இளம் ஆசிரியைகள் இதைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். பாஸ் காலத்தில், வீட்டில் பதிவில்லாத ஒருவர் இருந்தால் சுற்றிவளைப்பில் வீட்டுக்காரரையும் சேர்த்துக் கொண்டுபோவார்கள் என்ற நிலை இருந்தது; அந்தப் பழக்கம் காரணம் போன பிறகும் நீடிக்கிறது. எங்கள் அன்ரி அந்தக் காலத்துக் கொப்பியை இன்னும் வைத்திருக்கிறார். கோடு போட்ட நாற்பது பக்கக் கொப்பி; பெயர், ஊர், வந்த திகதி, போன திகதி. போன திகதி எழுதப்படாத வரிகளும் அதில் உண்டு. அவரிடம் நான் அதைப் பற்றி மேற்கொண்டு கேட்கவில்லை.

இவ்வளவு தொல்லையோடு ஏன் இங்கே இருக்க வேண்டும் என்று என் தம்பி கேட்கிறான். வெளிவட்ட வீதிப் பக்கம் புதிய அனெக்ஸ் ஒன்றை இதே வாடகைக்கு எடுக்கலாம் என்பது அவனுடைய கணக்கு. ஆனால் அங்கே போனால் மோட்டார்சைக்கிள் இல்லாமல் ஒரு தேங்காய் வாங்க முடியாது. இங்கே சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பஸ் நிலையத்துக்கும் நடந்தே போகிறோம். கந்தசுவாமி கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் காலையில் அடுத்தடுத்துக் கேட்கின்றன. மலைநாட்டிலிருந்து 1977 இலும் 1983 இலும் வந்தவர்களின் பிள்ளைகளும், முஸ்லிம் வியாபாரிகளும், ஹொரவப்பொத்தானை வீதியால் வரும் சிங்களக் குடும்பங்களும் ஒரே கடையில் சாமான் வாங்குகிறார்கள். 2014 இல் யாழ்ப்பாணம்வரை புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியதால் வார இறுதியில் யாழ்ப்பாணம் போய் வருவதும் இலகுவாகிவிட்டது. புகையிரதம் இரவில் ஊதும்போது முதல் சில மாதம் விழித்துக்கொண்டோம், பிறகு பழகிவிட்டது.

இந்த வீடுகள் எத்தனை காலம் நிற்கும் என்பதுதான் இப்போதுள்ள கேள்வி. நகரசபை மாநகரசபையாகிவிட்டது, கண்டி வீதியோரத்தில் காணி விலை வீட்டு வாடகையால் ஈடுகட்ட முடியாத உயரத்துக்குப் போய்விட்டது. ஒரு வீட்டை இடித்து மூன்று மாடிக் கடை கட்டினால் கிடைக்கும் வருமானத்துக்கு முன் எங்கள் வாடகை தூசு. பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று இவற்றை எவரும் பட்டியலிடப் போவதில்லை. அரண்மனையோ கோட்டையோ என்றால் ஒரு பலகையாவது நடுவார்கள். இவை தப்பி நிற்பதானால், உரிமையாளருக்கு இடிப்பதைவிட வாடகைக்கு விடுவது கட்டுபடியாக வேண்டும். அதற்குக் குடியிருப்பவரும் பராமரிப்பில் பங்கெடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பக்கத்து வீட்டு அண்ணை தை மாதத்தோடு சொந்த வீட்டுக்குப் போகிறார். அவருடைய பாதியையும் சேர்த்து எடுத்துக்கொள்ள அன்ரியிடம் கேட்டிருக்கிறேன். ஓடு மாற்றும் செலவை நாங்கள் போடுவது, அதை மாத வாடகையில் சிறிது சிறிதாகக் கழிப்பது, இரண்டு வருடத்துக்கு நொத்தாரிசு முன்னிலையில் எழுதுவது, நடுச்சுவரை உடைப்பதானால் மேசன் கூலி அவருடையது என்பது நான் வைத்த பேச்சு. சுவரைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அவர் சம்மதித்துவிட்டார். சுவருக்கு லண்டனில் இருக்கும் மகனைக் கேட்க வேண்டுமாம்.