மூன்றுக்கு இரண்டு: வரஜ்தின் நாட்குறிப்பு

செப்டம்பர் 8, 2024

குரோஷியாவின் வரஜ்தின் ஊரில் புது வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. மாடியில் நான், கீழே ஒரு தாத்தா. இன்று ஞாயிறு. மதியம் கதவைத் தட்டி, ஒரு தட்டு நிறைய கிளிபிச் கொடுத்தார். இந்த ஊர் ரொட்டி அது. மாவை நீளமாக உருட்டி, மேலே கல் உப்பும் சீரகம் மாதிரி ஒரு விதையும் தூவிச் சுடுகிறார்கள். சூடு ஆறாமல் இருந்தது.

தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் கூடத்துச் சுவரைப் பார்த்தேன். நீலமும் வெள்ளையுமாக ஒரு மஃப்ளர், இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்துக் கட்டியிருந்தது. அதில் 'வார்டெக்ஸ்' என்று நெய்திருந்தார்கள்.

"உங்க ஊர் ஃபுட்பால் டீமா?" என்று கேட்டேன்.

"எங்க ஃபேக்டரி" என்றார். பிறகு, "இரண்டும் ஒண்ணுதான், சினே."

சினே என்றால் மகனே. குரோஷியாவில் வயதானவர்கள் பையன்களை இப்படித்தான் கூப்பிடுகிறார்கள். முதல் தடவை கேட்டபோது வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

செப்டம்பர் 14

கிடங்கில் காலை ஷிப்ட். மாலை தாத்தா வீட்டில் கெமிஷ்ட் (வெள்ளை ஒயினில் சோடா கலந்தது, எனக்கு வெறும் சோடா).

அவர் நாற்பது வருடம் கட்டிங் செக்‌ஷனில் இருந்தவர். துணியை அடுக்கடுக்காக விரித்து, அதன்மேல் பேட்டர்ன் வரைந்து, கத்தி ஓட்டுகிற வேலை. வலது கை ஆள்காட்டி விரலின் நுனி கொஞ்சம் இல்லை. எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஃபேக்டரி 1918-இல் டிவார் என்ற பெயரில் தொடங்கியது. கோட்டு சூட்டுக்குப் பேர் போனது. எண்பதுகளில் லீவைஸ் ஜீன்ஸையும் உரிமம் வாங்கி இங்கே தைத்தார்கள். நல்ல காலத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் வேலை செய்த இடம். இப்போதே ஊரின் மொத்த மக்கள்தொகை ஐம்பதாயிரத்தைத் தொடாது. அப்படியென்றால் எந்த வீட்டிலும் ஒரு ஆளாவது அங்கே இருந்திருப்பார்.

கிளப் 1931-இல் ஸ்லாவியா என்ற பெயரில் பிறந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டெக்ஸ்டிலாட்ஸ் ஆனது. நம் மொழியில் சொன்னால் ஜவுளித் தொழிலாளி. ஒரு ஃபுட்பால் கிளப்புக்கு இதைவிட நேர்மையான பெயர் நான் கேட்டதில்லை. 1958-இல் ஃபேக்டரியின் பெயரையே எடுத்துக்கொண்டு வார்டெக்ஸ் ஆனது. மூன்றே வருடத்தில், 1961-இல், யூகோஸ்லாவியக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குப் போனது (குரோஷியா அப்போது யூகோஸ்லாவியாவில் இருந்தது). வர்தர் ஸ்கோப்யேயிடம் 2-1 என்று தோற்றது.

அப்போது தாத்தா சின்னப் பையன். ரேடியோவுக்கு முன்னால் அவர் அப்பா நின்றுகொண்டே கேட்டாராம். உட்கார்ந்தால் கோல் விழுந்துவிடும் என்று பயம். இந்தப் பயம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல.

செப்டம்பர் 15

மழை. சைக்கிளில் போய் மைதானத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தேன். அஞ்செல்கோ ஹெர்யாவெட்ஸ் என்பவரின் பெயர் வைத்திருக்கிறார்கள். பெரிய மைதானம் இல்லை, ஆனால் இந்த ஊர் அளவுக்கு நிறைவாக இருக்கிறது.

செப்டம்பர் 20

இன்று தேதியைப் பார்த்துத் தாத்தாவே கூப்பிட்டார். 2001 செப்டம்பர் 20. வில்லா பார்க்.

அதற்கு முன்கதை ஒன்று உண்டு, அதிலிருந்துதான் ஆரம்பித்தார். 1992-இல் குரோஷியா தனி நாடாகத் தன் முதல் லீகைத் தொடங்கியபோது அதில் இருந்த அணிகளில் வார்டெக்ஸும் ஒன்று. தொண்ணூறுகளில் இந்த ஊர்ப் பையன்கள் ஒரு தலைமுறையே மேலே வந்தது. மில்யென்கோ மும்லெக் இங்கே பிறந்தவர். டாவோர் வுக்ரினெட்ஸும் இந்த ஊர்க்காரர்தான். குரோஷிய முதல் லீகில் 146 கோல் அடித்தவர். வெளியூரிலிருந்து வந்து நடுக்களத்தில் ஆடிய ஸ்லாட்கோ டாலிச்சை உலகத்துக்கே இப்போது தெரியும். 2018 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்குக் குரோஷியாவைக் கூட்டிப்போன பயிற்சியாளர்.

1998-99-இல் கப் வின்னர்ஸ் கப் என்ற ஐரோப்பியப் போட்டி. நெதர்லாந்தின் ஹேரன்வேன் அங்கே 2-1 என்று ஜெயித்தது. இங்கே கூடுதல் நேரம் வரை போய், வார்டெக்ஸ் 4-2 என்று திருப்பிக் கொடுத்தது. காலிறுதியில் ஸ்பெயினின் மயோர்க்கா. இங்கே 0-0. அங்கே 3-1 தோல்வி. மயோர்க்கா இறுதி ஆட்டம் வரை போனது. அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே கடைசி இறுதி ஆட்டம் அது. நடந்த இடம் பர்மிங்காமின் வில்லா பார்க்.

"அந்த மயோர்க்காவைத் தாண்டியிருந்தா நாங்களும் வில்லா பார்க் போயிருக்கலாம்னு அப்போ புலம்பினோம்" என்றார் தாத்தா. "இரண்டே வருஷத்துல போனோம்."

வில்லா பார்க் ஆஸ்டன் வில்லா என்ற இங்கிலாந்து அணியின் சொந்த மைதானம். அந்தக் கோடையில் இன்டர்டோட்டோ கோப்பை என்ற போட்டியை ஜெயித்துவிட்டு, ஐரோப்பிய கிளப்புகளின் யூஎஃபா கோப்பைக்கு வந்த அணி அது. ஜவுளி ஆலை ஊரிலிருந்து போனவர்கள் அங்கே போய் 3-2 என்று ஜெயித்தார்கள். இதைச் சொல்லும்போது தாத்தா விரல்களால் காட்டினார்: இடது கையில் மூன்று, வலது கையில் இரண்டு. அந்த வலது கையில் நுனி இல்லாத விரலும் ஒன்று.

மறுநாள் கட்டிங் செக்‌ஷனில் யாரோ பேட்டர்ன் தாளில் 3-2 என்று சாக்பீஸால் எழுதிவிட்டார்களாம். சூப்பர்வைசர் வந்து பார்த்தார், அழிக்கச் சொல்லவில்லை. அந்தத் தாளோடுதான் அன்றைக்கு முழுக்க வேலை ஓடியது.

செப்டம்பர் 27

இன்று இரண்டாவது ஆட்டத்தின் தேதி. இங்கே வில்லா 1-0 என்று ஜெயித்தது. மொத்தக் கணக்கு 3-3. ஆனால் வெளியூரில் அடித்த கோல் வார்டெக்ஸுக்கு மூன்று, வில்லாவுக்கு ஒன்று. அந்தக் காலத்து விதி: மொத்தம் சமமானால் வெளியூரில் அதிகம் அடித்தவர் மேலே போவார். வார்டெக்ஸ் போனது. சொந்த ஊரில் தோற்றுவிட்டு ஊரே தெருவில் ஆடிய ராத்திரி அது என்றார்.

அடுத்த சுற்றில் டென்மார்க்கின் ப்ரொன்ட்பியிடம் முடிந்தது. அதைப் பற்றிக் கேட்டேன், பூசணி விதை எண்ணெய் வேண்டுமா என்று பேச்சை மாற்றினார்.

அக்டோபர் 6

வேலை, தூக்கம், வேலை.

அக்டோபர் 13

இன்று பேசியதை எழுதக் கையே வரவில்லை, ஆனால் எழுதத்தான் வேண்டும்.

குரோஷியக் கோப்பையின் இறுதிச் சுற்றுக்கு இந்த கிளப் ஆறு முறை போயிருக்கிறது. 1996, 1998, 2002, 2004, 2006, 2011. ஆறிலும் தோல்வி. பெரும்பாலும் எதிரி ஸாக்ரெப் நகரத்து டினாமோ. தலைநகரம், பணம், ஆள்பலம் எல்லாம் அவர்களிடம். அந்தத் தோல்விகளைத் தாத்தா ஏற்றுக்கொண்டுவிட்டார். அவரை இன்னும் தூங்கவிடாதவை இரண்டு.

2004-இல் டினாமோவோடு இரண்டு ஆட்டமும் டிரா. இங்கே 1-1, ஸாக்ரெபில் 0-0. ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. வெளியூர் கோல் விதியால் கோப்பை டினாமோவுக்குப் போனது.

2006-இல் பயிற்சியாளர் டாலிச். முதல் ஆட்டம் ரியேகாவில், 4-0 தோல்வி. எல்லாம் முடிந்தது என்றுதான் ஊர் நினைத்தது. இரண்டாவது ஆட்டத்துக்குத் தாத்தா போனதே, பழக்கத்தை விட முடியாமல்தான். வார்டெக்ஸ் ஐந்து கோல் அடித்தது. ஐந்து! நான்கு கோல் பள்ளத்திலிருந்து ஏறி வந்து ஐந்து. ஆனால் ரியேகாவும் இங்கே ஒன்று அடித்திருந்தது. 5-1, மொத்தம் 5-5. அந்த ஒரே கோலுக்காகக் கோப்பை ரியேகாவுக்கு.

பர்மிங்காமில் கை கொடுத்த அதே விதி. நான் வாய் திறந்து இதைச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததா?

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த விதி இன்னும் இருக்கா?" என்று கேட்டார். ஃபோனில் பார்த்துச் சொன்னேன்: ஐரோப்பியப் போட்டிகளில் 2021-இல் எடுத்துவிட்டார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு மேசையில் சிந்தியிருந்த உப்பை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளினார். சுத்தமாகும்வரை தள்ளிக்கொண்டே இருந்தார்.

அக்டோபர் 19

சரிவை அவர் சீக்கிரமாகச் சொல்லி முடித்துவிட்டார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

யூகோஸ்லாவியா உடைந்தபோதே ஆலையின் பெரிய சந்தை போய்விட்டது. கோட்டு தைத்துக் கொடுத்தால் வாங்க ஒரு பெரிய நாடு இருந்தது, பிறகு இல்லை. ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கிளப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, ஆலையின் பழைய பெருமையில். 2010-இல் பெயரிலிருந்து வார்டெக்ஸ் போய், வெறும் வரஜ்தின் ஆனது. அடுத்த கோடையில்கூட யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் ஆடினார்கள். 2012-இல் கடன் காரணமாகக் குரோஷிய ஃபுட்பால் கூட்டமைப்பு கிளப்பை இடைநீக்கம் செய்தது. 2015-இல் கலைத்துவிட்டார்கள்.

ஃபேக்டரி பிடித்திருந்த கையை விட்டது, பிடித்துக்கொள்ள வேறு கை இல்லை. நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். இத்தனை வருடம் கிளப்பை ஊருக்குச் சொந்தம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பில் வந்த அன்றைக்கு ஊர் என்று ஒரு ஆள் இல்லை. இதில் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் போனதுதான் தாத்தாவுக்கு ரொம்ப வலிக்கிறது.

இப்போது அந்த மைதானத்தில் ஆடுவது 2012-இல் தொடங்கிய வேறொரு வரஜ்தின். நன்றாகவே ஆடி 2019-இல் முதல் லீகுக்கு வந்தார்கள். சட்டப்படி அதற்கும் பழைய கிளப்புக்கும் சம்பந்தமில்லை. ஒயிட் ஸ்டோன்ஸ் என்ற ரசிகர் குழுவோ, பெயர் போன கோபத்தில் 2011-இலேயே வார்டெக்ஸ் என்று தனியாக ஒன்றைத் தொடங்கி, கடைசிப் படியிலிருந்து ஆட ஆரம்பித்தது. ஒரு பக்கம் மைதானமும் ஊர்ப் பெயரும். இன்னொரு பக்கம் ஆலையின் பெயர்.

"நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. 2012-க்குப் பிறகு எந்த ஆட்டத்துக்கும் போகவில்லை என்றார்.

அக்டோபர் 26

காலையில் கீழே இறங்கினால் தாத்தா கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறார். ஆலையில் தைத்த கோட்டு. தோளில் ஒரு சுருக்கம் கிடையாது. கழுத்தில் அந்த மஃப்ளர். சுவரில் இரண்டு ஆணிகள் மட்டும்.

"நடந்துட்டு வரலாம் வா, சினே."

எங்கே என்று நான் கேட்கவில்லை. மெதுவாக நடந்தோம். மைதானத்துப் பக்கத்துப் புல்லில் சின்னப் பையன்களுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. தாத்தா கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் குடிக்க வந்த ஒரு பையன், எட்டு வயது இருக்கும், மஃப்ளரில் இருந்த எழுத்தைக் கூட்டிப் படித்தான்.

"இது துணிக்கடை பேர்தானே?"

எனக்குத் திக்கென்றது. தாத்தா குனிந்தார். முதலில் அவன் டிராக்சூட்டின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, தையலைத் திருப்பிப் பார்த்தார். அது கை தானாகச் செய்த வேலை. பிறகு இடது கையில் மூன்று விரலையும் வலது கையில் இரண்டு விரலையும் உயர்த்தி, வில்லா பார்க்கைச் சொல்ல ஆரம்பித்தார். பையன் பாட்டிலை மூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தான். மூன்றாவது கோலுக்கு வருவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். ஓடிவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை பயிற்சி எத்தனை மணிக்கு என்று கோச்சிடம் கேட்டுவிட்டுத் திரும்பினோம். ஒன்பது மணிக்கு.